காலேஜ் ஃபுட்பால் பயிற்சியில் "போதும், நிறுத்து" என்று சொல்வது யார்? பார்த்தவர்கள் பகிருங்கள்

வைகைக்கரை (ஹூஸ்டன்)

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகன் டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்தவன். பள்ளியில் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லைன்மேனாக, அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியை முட்டித் தடுக்கிறவனாக, ஆடினான். இப்போது ஒரு கல்லூரி அணியில் வாக்-ஆன் ஆகச் சேர்கிறான். ஸ்காலர்ஷிப் கிடையாது, தன் இடத்தைத் தானே அடித்துப் பிடிக்க வேண்டும். ஜூன் மாதம் கோடைப் பயிற்சி ஆரம்பம்.

மோதலில் அடிபடுவானே என்பதுதான் அக்காவுக்கும் மாமாவுக்கும் கவலை. என் பயம் வேறு. 2018 மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது லைன்மேன் சுருண்டு விழுந்தது வெறும் ஓட்டப் பயிற்சியில். அன்று எதிரணியும் இல்லை, மோதலும் இல்லை. 110 கெஜ ஓட்டம், பத்து முறை. வெப்ப பாதிப்பில் விழுந்தவர் ஜூன் 13-ல் இறந்துவிட்டார். நம் பையனும் லைன்மேன், அதே உடல்வாகு. இடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியில் இருப்பவன், "முடியலை" என்று வாயைத் திறக்க மாட்டான்.

பயிற்சி மைதானத்தைக் கிட்ட இருந்து பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கோச்சுகள் உண்மையில் எவ்வளவு பொறுப்பு எடுத்துக்கொள்கிறார்கள்? பார்த்ததைச் சொல்லுங்கள், நல்லதோ கெட்டதோ.

மலைக்கோட்டை

வைகைக்கரை அண்ணா, நான் அத்லெட்டிக் ட்ரெய்னர். பலரும் எங்களை உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர்கள் என்று நினைக்கிறார்கள். நாங்கள் வீரர்களின் காயம், உடல்நிலை பார்க்கிற லைசென்ஸ் பெற்ற மருத்துவப் பணியாளர்கள். இரண்டு கல்லூரிகளில் ஃபுட்பால் அணியோடு இருந்திருக்கிறேன். இரண்டையும் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

முதல் இடத்தில் ஆகஸ்ட் கேம்ப், அதாவது சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம் என்றால் விடியும் முன்பே எங்கள் வேலை தொடங்கிவிடும். பண்ணைகளில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற பெரிய ரப்பர் தொட்டி ஒன்றை மைதான ஓரத்தில், நிழலில் போடுவோம். ஹோஸ் பைப்பில் பாதிக்கு மேல் நிரப்பி, பக்கத்தில் ஐஸ் பெட்டிகளை அடுக்கி வைப்போம். தொட்டி விளிம்பில் ஒரு நீளமான பெட்ஷீட் தொங்கும். உள்ளே இறக்குகிறவனின் இரு அக்குளுக்கும் அடியில் அதைக் கொடுத்துப் பின்னாலிருந்து ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் 130 கிலோ ஆள் தண்ணீருக்குள் வழுக்கிப் போய்விடுவான். வெப்பமானி என் இடுப்புப் பையில் இருக்கும். நெற்றியில் காட்டுகிறது, காதில் வைக்கிறது எல்லாம் இதற்கு உதவாது. வியர்த்து ஓடிய உடம்பில் அவை குறைத்துக் காட்டும். ஆசனவாய் வழியாக எடுப்பதுதான் நம்பகமானது. சங்கடப்பட்டால் பையன் உயிர் போய்விடும்.

கேம்ப்பின் ஆரம்ப நாட்களில் ஒரு டிஃபென்சிவ் லைன்மேன். கடைசி ஓட்டங்களில் நண்பனைக் கெட்ட வார்த்தையில் திட்ட ஆரம்பித்தான். சாதாரணமாக அதிர்ந்து பேசாத பையன். பக்கத்தில் போய் "இன்னைக்கு என்ன கிழமை?" என்றேன், சம்பந்தமே இல்லாமல் முதல் ஆட்டத்து எதிரணியின் பெயரைச் சொன்னான். லைன் கோச் "முடிச்சுட்டுப் போ, இன்னும் ஒண்ணுதான்" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். ஹெட் கோச் விசில் ஊதி மொத்த அணியையும் நிறுத்தினார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஓடி வந்து பையனின் காலைத் தூக்கியவர் அவர்தான். ஹெல்மெட், பேட் (மெத்தைக் கவசம்) எல்லாம் கழற்றித் தொட்டியில் இறக்கினோம். வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. ஒருவர் ஐஸ் கொட்ட, ஒருவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். உடம்பை ஒட்டியிருக்கும் தண்ணீர் சூடாகிவிடும், கலக்காவிட்டால் பிரயோஜனம் இல்லை. இதற்குள் 911-ஐ அழைத்தாயிற்று. ஆம்புலன்ஸ் வந்தும் உடனே ஏற்றவில்லை. வெப்பம் 39-க்குப் பக்கத்தில் இறங்கிய பிறகுதான் வெளியே எடுத்தோம். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது, இதுதான் எங்கள் துறையின் விதி. மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து பர்கர் சாப்பிட்டான்.

இரண்டாவது இடத்திலும் அதே படிப்புப் படித்த ஆட்கள், அதே வெப்பமானி. ஆனால் தொட்டி கட்டிடத்துக்குள் காலியாகக் கிடந்தது. ஸ்ட்ரெங்த் கோச், அதாவது உடல் வலுவுக்குப் பயிற்சி கொடுக்கிறவர், ஓட்டம் கொடுக்கும்போது கிட்ட போனால் "ஓரமா நில்லுங்க, இது என் நேரம்" என்பார். வாந்தி எடுத்தவனைச் சுற்றி நின்று கைதட்டுவார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்தவனை இரண்டு சீனியர்களை விட்டுத் தூக்கி நடக்க வைப்பார்கள். ஹெட் கோச் தன் அறை ஜன்னலிலிருந்து பார்ப்பார், இறங்கி வர மாட்டார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் மாறியிருக்கும். நான் எழுத்தில் புகார் கொடுத்தேன், பதில் வரவில்லை, வேலையை விட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், கோச்சின் பொறுப்பு பையன் விழுந்த பிறகு தொடங்குவதில்லை. தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று காலையிலேயே கேட்பதும், "இவர் கையைத் தூக்கினால் பயிற்சி நின்றது" என்று மொத்த அணி முன்னாலும் சொல்லி வைப்பதும் அவர் வேலை. மெக்நேர் விஷயத்தில் வெளியார் குழு கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். அறிகுறி தெரிந்ததிலிருந்து 911-ஐ அழைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வெப்பம் எடுக்கவில்லை. ஐஸ் தண்ணீரில் இறக்கவே இல்லை. மாசசூசெட்ஸில் பால்மவுத் ஓட்டப் பந்தயம் என்று ஒன்று உண்டு. அங்கே 18 ஆண்டுகளில் 274 பேருக்கு இதே வெப்ப பாதிப்பு வந்தது. பந்தயப் பாதை ஓரத்திலேயே ஐஸ் தொட்டியில் இறக்கினார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. இவ்வளவு தெளிவாக வழி தெரிந்த ஒன்றுக்கு 19 வயதுப் பிள்ளையைக் கொடுத்துவிட்டோம் என்பதை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

கூடலூர்ப் பொண்ணு

அண்ணா, நான் எமர்ஜென்ஸியில் நர்ஸ். மலைக்கோட்டை சொன்னது வெயில் கதை. நான் பார்த்தது ஜனவரிக் குளிரில்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து அணி திரும்பிய வாரம். ஒரே அணிப் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கையை மடக்க முடியவில்லை, தொடை கல்லு மாதிரி இறுகியிருக்கு. சிறுநீர் சாம்பிள் வாங்கிப் பார்த்தால் டிகாக்‌ஷன் நிறம். தசை நார்கள் உடைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிற நிலை, ராப்டோமயோலிஸிஸ். நாள் கணக்கில் ஸலைன் ஏற்றினோம். "என்னப்பா பண்ணீங்க?" என்று கேட்டேன். லீவில் உடம்பை விட்டவர்கள் யார் என்று கண்டுபிடிக்க, எண்ணிக்கையே இல்லாமல் தண்டால் எடுக்க வைத்தார்களாம். ஒருவன் நிறுத்தினால் எல்லோரும் முதலிலிருந்து. ஒரு பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோச்சுக்கு நான் வந்தது தெரிய வேண்டாம்" என்றான். அது எனக்கு இன்னும் மனசை அறுக்குது.

இது புதுசில்லை. 2011 ஜனவரியில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் 13 வீரர்கள் இதே காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், லீவு முடிந்து வந்ததும் கொடுத்த நூறு ஸ்குவாட் பயிற்சியால். 2017 ஜனவரியில் ஒரேகானில் மூன்று பேர். அங்கே ஸ்ட்ரெங்த் கோச்சை ஒரு மாதம் சம்பளமில்லாமல் சஸ்பெண்ட் செய்தார்கள்.

இன்னொன்றும் கேட்டு வையுங்கள், சிக்கிள் செல் ட்ரெய்ட். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருகிற ஒரு ரத்தக் கூறு. நான் கூடலூர்க்காரி என்பதால் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த பேர் இது. நீலகிரிப் பழங்குடிகளிடம் இது இருப்பதை 1952-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு உண்டு. அன்றாட வாழ்க்கையில் தொந்தரவே தெரியாது. இடைவெளி இல்லாமல் ஓட விட்டால்தான் ரத்த அணுக்கள் வளைந்து தசைக்கு ரத்தம் போகாமல் அடைக்கும். 2006-ல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் டேல் லாய்ட் என்ற வீரர் அப்படித்தான் இறந்து போனார், நூறு கெஜ ஓட்டம் 16 முறை. அது உங்க ஹூஸ்டன்தான் அண்ணா. அவர் குடும்பம் போட்ட வழக்குக்குப் பிறகுதான் 2010-ல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. முதல் டிவிஷன் வீரர்களுக்குப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. தசைப்பிடிப்பு வந்தவன் வலியில் கத்துவான். சிக்கிள் செல் உள்ளவன் கத்த மாட்டான். கால் தளர்ந்து மெதுவாக உட்காருவான், பேசிக்கொண்டே இருப்பான். "சோம்பேறி, எழுந்திரு" என்று கோச் கத்துவது அந்த நேரத்தில்தான். பரிசோதனை ரிசல்ட் ஃபைலில் இருந்து என்ன பயன்? ஓட விடுகிறவர் அதைத் தெரிந்து, இடையில் ஓய்வு கொடுத்தால்தானே?

கரிசல்காடு

நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் பி.டி. மாஸ்டர் கொளுத்துகிற வெயிலில் ஓட விடுவார், தண்ணீர் கேட்டால் இன்னொரு ரவுண்டு. அதில்தான் மாவட்டக் கபடி அணிக்கு ஆள் வந்தார்கள். இந்த விளையாட்டு முரட்டு விளையாட்டு. உடம்பைக் கசக்காமல் எப்படி? எங்கே கோடு போடுவீர்கள்?

மலைக்கோட்டை

கரிசல்காடு அண்ணா, நியாயமான கேள்வி. இங்கேயும் அந்தப் பழக்கம் இருந்தது. 1954-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கோச் பேர் பிரையன்ட், ஜங்ஷன் என்ற ஊருக்கு அணியைக் கூட்டிப் போய்ப் பத்து நாள் தண்ணீர் இடைவேளை இல்லாமல் பயிற்சி கொடுத்தார். பாதிக்கு மேல் பையன்கள் ஓடிப்போனார்கள். அந்த வருஷம் அணி ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம்! ஒருவனுக்கு உயிர் போகிற அளவுக்கு வெப்ப பாதிப்பு வந்தது. பிறகு வந்த வெற்றிகளை வைத்து அதை வீரக் கதை ஆக்கிவிட்டார்கள்.

கடினமான பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்துப் பதினாலு நாள் வேண்டும். முதல் நாளே முழுப் பாரம் ஏற்றுவதுதான் கொல்கிறது. வெப்ப மரணங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பயிற்சியின் முதல் சில நாட்களில்தான். என்.சி.ஏ.ஏ. 2003-லேயே முதல் ஐந்து நாளை உடம்பு பழகும் காலமாக வைத்து, ஒரு நாளைக்கு ஒரு பயிற்சிதான், பேட் படிப்படியாகத்தான் என்று விதி போட்டது. 2000-க்குப் பிறகு கல்லூரி ஃபுட்பாலில் மோதலில் அடிபட்டு இறந்தவர்களைவிட, உடலை வருத்தும் பயிற்சிகளில் விழுந்து இறந்தவர்கள் பல மடங்கு. என்னைக் கேட்டால் கோடு இதுதான்: ஆட்டத்துக்குத் தேவையானதைக் கொடுங்கள். தண்டனைக்காக, ஆளைச் சோதிக்க, பயமுறுத்தக் கொடுப்பதை நிறுத்துங்கள். லைன்மேன் ஆட்டத்தில் ஐந்தாறு வினாடி முட்டிவிட்டு மூச்சு வாங்குகிறவன். அவனுக்குப் பத்து நீள ஓட்டம் எதற்கு?

பனிக்காடு

நல்லதும் சொல்லச் சொன்னீர்களே. நான் நியூ ஹாம்ப்ஷயரில், டார்ட்மத் கல்லூரி பக்கத்தில் சில வருடங்கள் இருந்தேன். அங்கே பயிற்சியை வேடிக்கை பார்க்கப் போவேன். மனித உயரத்தில் ஒரு மெத்தைப் பொம்மை, ரிமோட்டில் மைதானத்தில் சீறிக்கொண்டு ஓடும். பையன்கள் துரத்திப் பாய்ந்து அதைச் சாய்ப்பார்கள், அது தானே நிமிர்ந்து மறுபடி ஓடும். கோச் பட்டி டீவன்ஸ் 2010-லேயே சொந்த அணி வீரர்கள் ஒருவரை ஒருவர் சாய்த்துத் தள்ளும் பயிற்சியை நிறுத்திவிட்டார். அந்தப் பொம்மையை அங்கேயே பொறியியல் மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கினார்கள். அணி பலவீனமாகும் என்று பேசினார்கள். 2015-ல் ஐவி லீக் (டார்ட்மத் உட்பட எட்டுப் பழைய கல்விக்கூடங்களின் கூட்டமைப்பு) பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது அதே அணி. மறு வருடம் ஐவி லீக் கோச்சுகள் எல்லோரும் சேர்ந்து சீசன் நேரப் பயிற்சியில் முழு மோதலை எடுத்துவிட்டார்கள். டீவன்ஸ் 2023-ல் சைக்கிள் விபத்துக் காயங்களால் இறந்துவிட்டார். ஒரு கோச் மனசு வைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நான் கண்ணால் பார்த்தது அவர்.

காவேரி பாலம்

நான் 2018-ல் மேரிலாந்து பல்கலைக்கழகம் இருக்கிற காலேஜ் பார்க் ஊர்ப் பக்கம்தான் இருந்தேன். ஆகஸ்டில் பல்கலைக்கழகத் தலைவர் வாலஸ் லோ, நடந்ததற்குச் சட்டப்படியும் தார்மிகமாகவும் பொறுப்பேற்கிறோம் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஸ்ட்ரெங்த் கோச் விலகினார். ஆனால் அக்டோபர் 30-ல் ஹெட் கோச் டர்கின் பதவியில் தொடரலாம் என்று ஆட்சிக்குழு அறிவித்தது. அன்று மாலை பஸ்ஸில் மாணவர்கள் பேசியது வேறு எதுவும் இல்லை. மறுநாளே லோ அவரை நீக்கிவிட்டார். மாணவர்களும் பெற்றோரும் கொதித்திராவிட்டால் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம். 2021-ல் மெக்நேர் குடும்பத்துக்கு 35 லட்சம் டாலர் இழப்பீடு. அதே வருடம் மேரிலாந்தில் மெக்நேர் பெயரிலேயே வீரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

வைகைக்கரை (ஹூஸ்டன்)

எல்லோருக்கும் நன்றி. அக்காவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். மாமா கேட்கிறார், கோச்சிடம் நேராகக் கேட்டால் பையனுடைய இடத்துக்கு ஆபத்து வராதா?

மலைக்கோட்டை

கோச்சிடம் போக வேண்டாம் அண்ணா, ஹெட் அத்லெட்டிக் ட்ரெய்னரிடம் போங்கள். பெற்றோர் பேசினால் நாங்கள் சந்தோஷப்படுவோம். மூன்று கேள்வி போதும். ஓட்டப் பயிற்சி நாளில் ஐஸ் தொட்டி எங்கே இருக்கும்? வெயிலும் ஈரப்பதமும் சேர்த்து அளக்கிற கருவி வைத்திருக்கிறீர்களா, எந்த அளவில் பயிற்சியை நிறுத்துவீர்கள்? நீங்கள் நிறுத்தச் சொன்னதை எந்தக் கோச்சாவது மீறியதுண்டா? பெரிய கான்ஃபரன்ஸ்கள் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகள்) 2016 முதல், மருத்துவக் குழு முடிவே இறுதி, கோச் அதில் தலையிடக் கூடாது என்று விதியாகவே வைத்திருக்கின்றன. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

பையனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். பக்கத்தில் ஓடுகிறவன் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், உடனே ட்ரெய்னரைக் கூப்பிடச் சொல்லுங்கள். தனக்காகக் கூப்பிடத் தயங்குகிறவன்கூட நண்பனுக்காகக் கூப்பிடுவான். ஜூன் வரைக்கும் தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் நடக்கட்டும், ஓடட்டும். ஹூஸ்டன் வெயில் உதவும்.