மழையிலும் மூடுபனியிலும் டிரெய்லருக்கு மடிப்பு சோலர் பேனல்: எதை நனையவிடலாம்?

டிரெய்லர்_தலவாக்கலை:
வணக்கம். ஜூலையில் அம்பேவெல, ஒஹியா பக்கம் நான்கு நாள் கேம்பிங் டிரெய்லரோடு தங்கத் திட்டம். தென்மேல் பருவமழை நேரம் என்பதால் எந்நேரமும் தூறலும் மூடுபனியுமாகத்தான் இருக்கும்.

கையிலிருப்பது 200 வாட் மடிப்பு பேனல். ஓபன் சர்க்யூட் (எதிலும் இணைக்காத நிலை) 24 வோல்ட், ஷோர்ட் சர்க்யூட் (இரு முனையும் நேராகச் சேர்ந்த நிலை) 10.5 அம்பியர் என்று லேபலில் இருக்கிறது. பின்பக்கத்திலேயே யூஎஸ்பி பெட்டியும், பெட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சிறிய கன்ட்ரோலரும் ஒட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து 10 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் கேபிள். டிரெய்லரின் வெளிப்பக்கம் ஆண்டர்சன் பிளக் (அதிக கரண்ட் தாங்கும் பிளக்). உள்ளே 100 அம்பியர்-மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரி, 1000 வாட் இன்வெர்ட்டர். 12 வோல்ட் பிரிட்ஜ், எல்இடி லைட், போன் சார்ஜர், 500 வாட் ரைஸ் குக்கர் ஓட வேண்டும்.

பேனலை மழையில் அப்படியே வெளியே விடலாமா? பேனல் வந்த அட்டைப் பெட்டியில் ஐபி67 (தூசு, தண்ணீர் காக்கும் அளவு) என்று போட்டிருக்கிறது. அதை நம்பலாமா?

அப்புத்தளை_வயர்மேன்:
தம்பி, பேனலின் முகம் நனைந்தால் ஒன்றும் ஆகாது. பழுது தொடங்குவது இணைப்புகளில்தான். ஐபி67 என்பது பெரும்பாலும் செல்களுக்கும் சந்திப்புப் பெட்டிக்கும் மட்டும் சொல்வது. 7 என்ற இலக்கம் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கு. யூஎஸ்பி பெட்டிக்கும் ஒட்டிய கன்ட்ரோலருக்கும் அது பொருந்தும் என்று கையேட்டில் தனியாக எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள். ரப்பர் மூடி போட்ட யூஎஸ்பி வாய் நேர் மழைக்கு ஆனதல்ல.

எம்சி4 கனெக்டர் (பேனல் வயர்களைப் பூட்டும் சோலர் பிளக்) இரண்டும் சேர்ந்து "டிக்" என்று பூட்டிய நிலையில்தான் தண்ணீர் தாங்கும். பிரித்துவிட்டால் வாயில் நேராகத் தண்ணீர் போகும். அதனால் மூடி வாங்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் அதே பேனலின் பிளஸ், மைனஸ் முனைகள் ஒன்றையொன்று தொடாமல் பையில் கட்டி உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஒரு கம்பனியின் ஆண் முனையும் இன்னொரு கம்பனியின் பெண் முனையும் பூட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே பிடிப்பு தளர்வாக இருக்கும், சீலும் சரியாக அமராது. அந்த இடம் சூடாகி உருகும். ஜோடியாக ஒரே தயாரிப்பில் வாங்குங்கள். பின்பக்க நட் இறுகிப் பிடிப்பது உருண்டையான ஒற்றை வயரைத்தான். வீட்டு வயரிங்குக்கு வரும் தட்டை வயரை அதற்குள் நுழைத்தால் பக்கவாட்டில் இடைவெளி விழும்.

ஆண்டர்சன் பிளக் தண்ணீர் காக்கவே காக்காது. டிரெய்லரின் வெளிப்புறத்தில் வைத்திருந்தால் வாய் கீழ் நோக்கி இருக்கட்டும், மேலே மூடி வேண்டும். டிசி (ஒரே திசையில் ஓடும்) மின்னோட்டத்தில் ஈரம் சேர்ந்தால் பிளஸ் பக்கச் செம்பு கரைந்து பச்சையாகப் பூக்கும். அந்தப் பச்சை இன்சுலேஷனுக்குள் இழைகள் வழியாக ஊறி விரல் நீளத்துக்கு மேல் ஏறிவிடும். வெளியே பார்த்தால் வயர் நல்லதாகத்தான் தெரியும். முனையை வெட்டி உரித்துப் பார்த்து, பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். அதற்குப் பிறகு வெள்ளீயம் பூசிய வயரில் முனையை நசுக்கி இறுக்கி (கிரிம்ப் செய்து), உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) போடுங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது இந்த மழைக்கு ஆகாது. தண்ணீரை வெளியே விடாமல் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சீல் பண்ண வினாகிரி வாடை வரும் சிலிகோன் பாவிக்காதீர்கள், அந்த அமிலமே செம்பை அரிக்கும்.

எந்தப் பெட்டிக்குள் வயர் நுழைந்தாலும் நுழையும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். வயரோடு ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டி விழும். இணைப்புகள் புல்லில் கிடக்கக்கூடாது. ஒரு கம்பு நட்டு அதில் தொங்கவிடுங்கள்.

நானுஓயா_12வோல்ட்:
வயர்மேன் அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. பின்பக்கம் ஒட்டிய கன்ட்ரோலரைக் கழற்றி, டிரெய்லருக்குள் பெட்டரிக்குப் பக்கத்தில் 20 அம்பியர் எம்பிபிடி (பேனலிலிருந்து உச்ச வாட்டை எடுக்கும் வகைக் கன்ட்ரோலர்) ஒன்று போடுங்கள். மழை ஒரு காரணம். வோல்ட் இறக்கம் இரண்டாவது. உங்கள் 10 மீட்டர் கேபிளில் போக வர 20 மீட்டர், 10 அம்பியர் ஓடினால் ஏறக்குறைய 0.86 வோல்ட் இறங்கும். கன்ட்ரோலர் பேனலோடு இருந்தால் அது 14.4 வோல்ட் என்று நினைப்பது பெட்டரியில் 13.5தான், நிரம்பும் முன்னே நிரம்பிவிட்டதாக முடிவெடுக்கும். கன்ட்ரோலர் பெட்டரியோடு இருந்தால் அதே இறக்கம் பேனல் பக்கத்தில் போய்விடும், பெரிய நட்டமில்லை.

இணைக்கும் போது பெட்டரியை முதலில், பேனலைக் கடைசியில். கழற்றும் போது பேனலை முதலில். கரண்ட் ஓடும்போது எம்சி4ஐப் பிடுங்கக்கூடாது, டிசி பொறி முனையைக் கருக்கும். பேனலைக் கவிழ்த்து வைத்து, அல்லது மேலே தறப்பாள் போட்டு இருட்டாக்கிவிட்டுக் கழற்றுங்கள். கன்ட்ரோலருக்கும் பெட்டரிக்கும் நடுவில் 30 அம்பியர் பியூஸ், பெட்டரி பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள். இன்வெர்ட்டர் வயரில் தனியாக 100 அல்லது 125 அம்பியர் பியூஸ், ஏனென்றால் 1000 வாட்டுக்கு 90 அம்பியருக்கு மேல் இழுக்கும். லித்தியம் ஷோர்ட் ஆனால் பெட்டரியின் உள்பாதுகாப்பு ஒன்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இப்போது கணக்கு. மூடுபனி இறங்கிவிட்டால் 200 வாட் பேனல் 20 முதல் 40 வாட் தந்தாலே பெரிது. எட்டு மணி நேரம் விட்டாலும் 160 முதல் 320 வாட்-மணி. அந்தக் குளிரில் பிரிட்ஜுக்கு நாளைக்கு 300 வாட்-மணி வையுங்கள், லைட், போன் 100. அதற்கு மேல் ரைஸ் குக்கர் அரை மணி நேரத்தில் 280 கொண்டுபோகும். பெட்டரி மொத்தமே 1280. சோற்றைக் கேஸ் அடுப்பில் வையுங்கள், ஆனால் மூடிய டிரெய்லருக்குள் வேண்டாம், கார்பன் மொனொக்சைட்டுக்கு வாடை கிடையாது. வாகனத்தில், ஓடும்போது எஞ்சின் பக்கமிருந்து டிரெய்லர் பெட்டரியை ஏற்றும் 20 அம்பியர் டிசி-டிசி சார்ஜர் இருந்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் 500 வாட்-மணி ஏறிவிடும். ஜூலை மழைக்கு அதுதான் உண்மையான சார்ஜர்.

சாய்க்கும் திசையையும் கவனியுங்கள். நாம் 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறோம். ஜூன், ஜூலையில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். எல்லாப் படங்களிலும் தெற்கே சாய்த்துக் காட்டுவார்கள், இந்த மாதங்களுக்கு அது இங்கே பொருந்தாது. வடக்கே 10, 15 பாகை சாய்த்தால் வெயில் எட்டிப்பார்க்கும் நேரத்தில் பலன், மழைத் தண்ணீரும் தேங்காது.

டிரெய்லர்_தலவாக்கலை:
மிக்க நன்றி அண்ணா. கன்ட்ரோலரை உள்ளே மாற்றுகிறேன். இதே மாதிரி இன்னொரு 200 வாட் பேனல் கிடைக்கிறது. தொடராக இணைத்தால் வயரில் இறக்கம் குறையும்தானே? அத்தோடு இடி, இன்வெர்ட்டர் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

நானுஓயா_12வோல்ட்:
இறக்கம் குறையும், சரி. ஆனால் தொடரில் 48 வோல்ட், அதிகாலைக் குளிரில் 50ஐத் தாண்டும். 50 வோல்ட் எல்லையுள்ள மலிவுக் கன்ட்ரோலர் அங்கேயே போய்விடும். ஈரக் கையோடும் ஈர மண்ணோடும் வேலை செய்யும் இடத்தில் 24 வோல்ட்டிலேயே நில்லுங்கள். இணையாகப் போடுங்கள், கேபிளை 6 சதுர மில்லிமீட்டராக்குங்கள்.

கொத்மலை_முகடு:
இடி பற்றி: ஜூலைத் தூறலில் இடி குறைவு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழைதான் ஆபத்து. வானம் கறுக்கத் தொடங்கும்போதே, முதல் முழக்கத்துக்கு முன்னே பேனலைக் கழற்றி கேபிளை டிரெய்லரிலிருந்து தள்ளிப் போட்டுவிடுங்கள். மின்னல் நேராக விழத் தேவையில்லை, பக்கத்தில் விழுந்தாலே நீண்ட வயரில் தூண்டப்படும் வோல்ட் கன்ட்ரோலரைத் தின்றுவிடும். முழக்கம் கேட்கத் தொடங்கிய பிறகு வெளியே இறங்கி வயர் பிடுங்காதீர்கள், கன்ட்ரோலர் போனால் போகட்டும். கடைசி முழக்கத்துக்குப் பிறகு அரை மணி நேரம் உலோகக் கூரையுள்ள வாகனத்துக்குள் இருங்கள்.

இன்வெர்ட்டர்தான் இந்த அமைப்பில் உயிருக்கு ஆபத்தான பகுதி, அங்கே 230 வோல்ட். எக்ஸ்டென்ஷன் வயர் டிரெய்லரை விட்டு வெளியே போகக்கூடாது. ட்ரிப் சுவிட்ச் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. பெரும்பாலான சிறிய இன்வெர்ட்டர்களின் வெளியீடு எர்த்தோடு சேர்ந்திருக்காது, அந்த நிலையில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் எர்த் கசிவைக் காணாது. நியூட்ரலை எர்த்தோடு சேர்க்க கையேடு அனுமதித்தால் மட்டும், தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேருங்கள். மலிவு மொடிஃபைட் சைன்வேவ் (படிப்படியான அலை தரும்) இன்வெர்ட்டரில் சேர்த்தால் அது எரிந்துபோகலாம்.

நானுஓயா நண்பர் காற்றைச் சொல்லவில்லை. ஒஹியா வெளியில் ஜூலைக் காற்றுக்கு மடிப்பு பேனல் பட்டம் மாதிரி எழும்பும். நான்கு மூலையிலும் கயிறு கட்டி முளையடியுங்கள், ஈர மண்ணில் முளை ஓரடி இறங்க வேண்டும். காற்று கூடினால் மடித்து வையுங்கள், அந்த வேளையில் கிடைக்கும் 20 வாட்டுக்காகப் பேனலை இழக்க வேண்டாம்.

நனைந்த பேனலை அப்படியே மடித்துப் பைக்குள் திணித்தால் மடிப்புத் தையலில் பூஞ்சணம் பிடிக்கும், வளையங்கள் துருவேறும். துணியால் துடைத்து, டிரெய்லருக்குள் விரித்து நிறுத்தி உலரவிட்டு மடியுங்கள்.

புறப்படும் முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். வெட்டிய மேட்டின் அடியில் டிரெய்லரை நிறுத்தாதீர்கள்.

அப்புத்தளை_வயர்மேன்:
கடைசியாக, சோதிக்கும் முறை. மல்டிமீட்டரில் பேனல் முனையில் 22, 24 வோல்ட் வந்தும் நல்ல வெயிலில் கரண்ட் குறைந்தால் பழுது பெரும்பாலும் இணைப்பில். வெயிலில் கால் மணி நேரம் ஓடவிட்டு ஒவ்வொரு பிளக்கையும் வெளிப்புறமாகத் தொட்டுப் பாருங்கள். மற்றதைவிட எது சூடோ, அதைத்தான் முதலில் வெட்டி மாற்ற வேண்டும்.