நீதிபதியை யார் நியமித்தால் என்னவாம்?

ஒரத்துப்பாளையத்தான்:
நேற்று பவானிக்காரர் ஒரு பதிவில் “நீதிபதியை யார் நியமித்தால் என்ன, சட்டம் ஒன்றுதானே” என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனத்தைச் சொல்லும் அரசியல் சட்டம் 124ஆவது பிரிவில் இருப்பது தலைமை நீதிபதியைக் ‘கலந்தாலோசித்து’ என்ற சொல். கலந்தாலோசனை என்றால் சம்மதம் அல்ல, கடைசி முடிவு அரசுடையது என்று 1981இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1993இல் அதே நீதிமன்றம் நீதிபதிகள் கருத்துக்கே முதலிடம் என்றது. மூத்த நீதிபதிகளே புது நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவான கொலீஜியம் வந்ததே அப்படித்தான். அந்தச் சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள்தான் வேறு.

பவானிக்காரன்:
1981இல் தீர்ப்புச் சொன்னது ஏழு நீதிபதிகள், 1993இல் ஒன்பது பேர். பெரிய அமர்வு சின்ன அமர்வைத் திருத்தியது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்து கடப்பநல்லூரில் பிறந்த சதாசிவம் அய்யா 2013இல் இந்தியாவுக்கே தலைமை நீதிபதி ஆனார். எந்த மந்திரி கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்?

ஒரத்துப்பாளையத்தான்:
அவர் உயர் நீதிமன்ற நீதிபதியானது 1996. கொலீஜியம் வந்த பிறகு. என் வாதத்துக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். ஊர்ப் பெருமை இருக்கட்டும், சொல்லுக்கு வாங்க. கலந்தாலோசனையா, சம்மதமா?

சாயப்பட்டறை:
சம்மதம் பற்றி இவர் பேசுகிறார்! 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எங்கள் திருப்பூர் சாயப்பட்டறைகளை ஒரே உத்தரவில் மூடியபோது யார் சம்மதம் கேட்டார்கள்? கொலீஜியத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் 2014இல் நீதிபதிகள் நியமன ஆணையம் கொண்டுவந்தது. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நாலுக்கு ஒன்று என்று அதை ரத்து செய்தார்கள். நீதிபதி செலமேஸ்வர் ஒருத்தர்தான் மாற்றி எழுதினார். தங்களைத் தாங்களே நியமித்துக்கொள்பவர்களுக்குத் திருப்பூர்க்காரன் வயிறு எப்படித் தெரியும்?

ஒரத்துப்பாளையத்தான்:
தம்பி, சாயக் கழிவுநீர் ஒரு சொட்டு வெளியே வரக்கூடாது என்று 2006லேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்டீர்களா? அந்தக் கழிவு இறங்கிய எங்கள் கிணற்றில் ஒரு சொம்பு மொண்டு ராத்திரி வைத்தால் விடியும்போது அடியில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சாயப்பட்டறை:
எங்கள் ஊர்ப் பனியனைப் போட்டுக்கொண்டுதானே இதை எழுதுகிறீர்கள்?

அவினாசி தோட்டம்:
பனியன் சண்டை அப்புறம். விளைநிலத்தில் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகப் போகட்டும் என்று 2013இல் தமிழக அரசே சொன்னது. உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டத்துக் காடு தோட்டம். அதுவும் கொலீஜியம் நீதிபதிகள்தானுங்க அண்ணா.

ஒரத்துப்பாளையத்தான்:
நான் கொலீஜியத்துக்கு எங்கே மாலை போட்டேன்? ஆள் முக்கியம் என்கிறேன். 1973இல், அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பில் நாடாளுமன்றம் கை வைக்க முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு 7க்கு 6. தீர்ப்பு வந்த கையோடு மூத்தவர்கள் மூன்று பேரைத் தாண்டி ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதி ஆக்கியது அரசு. 1976இல் அவர் தலைமையிலான அமர்வுதான், நெருக்கடிநிலையில் பிடித்து வைத்தவன் கோர்ட்டுக்கே வர முடியாது என்றது. அந்த அமர்வில் நீதிபதி கன்னா ஒருவர் மறுத்தார். 1977இல் அவரையும் தாண்டி பெக் தலைமை நீதிபதியாக வந்தார். இதற்குப் பிறகுமா யார் நியமித்தால் என்ன என்கிறீர்கள்?

பவானிக்காரன்:
ஏழு பெரிதா, ஒன்பது பெரிதா? அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஒரத்துப்பாளையத்தான்:
சொல் ஒன்றா, இரண்டா? அதற்கும்தான் வரவில்லை.

பவானிக்காரன்:
போன வருஷம் வாய்க்கால் தண்ணீர் விஷயத்திலும் இப்படித்தான் ஒரே வார்த்தையைப் பிடித்துத் தொங்கினீர்கள்.

ஒரத்துப்பாளையத்தான்:
அதிலும் நான் சொன்னதுதான் சரி. மும்முனை கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போடப் போகிறேன். ராத்திரி வருவேன். 124ஐ எடுத்துப் படித்து வையுங்கள்.

சாயப்பட்டறை:
அந்த மோட்டாருக்கு இலவசக் கரண்ட் என்பதையும் எழுதிவிட்டுப் போங்க.