"டைப் செட்" - தமிழ்ல என்ன சொல்லலாம்? வெள்ளிக்குள்ள வேணும்

கயல்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க தமிழ்ப்பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கேன், பழைய அமெரிக்கத் தங்கக் காசுகளை சாதாரண சம்பளக்காரங்க எப்படி சேர்க்கலாம்னு. வெள்ளிக்கிழமை பக்கம் மூடுறாங்க. மத்த சொல்லெல்லாம் எப்படியோ வந்துடுச்சு, "டைப் செட்" மட்டும் மாட்டிக்கிட்டு நிக்குது.

நாணயம் சேர்க்காதவங்களுக்காக கொஞ்சம் விளக்குறேன். ஒரு காசை வருஷா வருஷம், எந்தெந்த அக்கசாலைல (நாணயம் அடிக்கிற கூடம்) அடிச்சாங்களோ அத்தனையும் சேர்க்குறது ஒரு முறை. லிபர்ட்டி (சுதந்திர தேவி) தலை போட்ட 5 டாலர் தங்கக் காசு 1839லேருந்து 1908 வரைக்கும் வந்திருக்கு, பிலடெல்பியா, சார்லட், டலோனிகா, நியூ ஆர்லியன்ஸ், சான் பிரான்சிஸ்கோ, கார்சன் சிட்டி, டென்வர்னு ஏழு இடத்துல அடிச்சிருக்காங்க. 1854ல சான் பிரான்சிஸ்கோல அடிச்சது மொத்தமே 268 காசு, அதுல இன்னைக்கு இருக்குறது விரல் விட்டு எண்ணுற அளவுதான், ஆக அந்த வழில போனா சொத்தை வித்தாலும் முடியாது. இன்னொரு முறை, ஒவ்வொரு வடிவமைப்புக்கும் ஒரே ஒரு காசு, எந்த வருஷம்னாலும் பரவால்ல. லிபர்ட்டி 5 டாலர்ல ஒண்ணு வாங்கினா அந்த எழுபது வருஷமும் உங்க கைல வந்த மாதிரிதான். இதைத்தான் டைப் செட்னு சொல்றாங்க. கட்டுரையே இதுமேலதான் நிக்குது. நான் "வகைத் தொகுப்பு"ன்னு போட்டேன், மலர்க்குழுல "எந்த வகை, எதோட தொகுப்பு"ன்னு கேக்குறாங்க.

நிரலன்:

டைப் செட்னே போட்டுடுங்க கயல். படிக்கிறவங்க நாளைக்கு கடைல போய் கேக்கப் போறது அந்தச் சொல்லைத்தான், ஏல இணையதளத்துல தேடுறதும் அதைத்தான். முதல் தடவை வர்ற இடத்துல ஒரு வரி விளக்கம் குடுத்துட்டு அப்புறம் டைப் செட் டைப் செட்னு எழுதிட்டே போகலாம். தமிழ் வேணாம்னு சொல்லல, ஆனா ஒரு சொல்லை உருவாக்கி அதுக்கு அடிக்குறிப்பு போட்டு அப்புறம் அதோட ஆங்கிலத்தையும் சொல்லி புரியவெக்கிறதா இருந்தா படிக்கிறவங்களுக்கு வேலை ரெண்டு மடங்கு.

முதுமொழி:

அன்புள்ள கயல், கடைக்காரன் சொல்றதையே எழுதுறதுன்னா தமிழ் மலர் எதுக்கும்மா. நம்மகிட்ட இதுக்குன்னே ஒரு முறை இருக்கு: தொகை, வகை, விரி. சுந்தரர் பாடின திருத்தொண்டத் தொகை தொகை, நம்பியாண்டார் நம்பியோட அந்தாதி வகை, சேக்கிழார் பாடினது விரி. அதே அடியார்கள், மூணு அளவு. இதை அப்படியே காசுக்குக் கொண்டு வாங்க. 1 டாலர், 2.50, 3, 5, 10, 20ன்னு ஒவ்வொரு மதிப்புலயும் ஒரு காசு மட்டும் வச்சிருந்தா அது தொகை. ஒவ்வொரு வடிவமைப்புக்கும் ஒண்ணு வச்சிருந்தா வகை. வருஷம், அக்கசாலைக் குறி (எங்க அடிச்சதுன்னு காட்டுற எழுத்து)ன்னு ஒண்ணு விடாம வச்சிருந்தா விரி. ஆகவே டைப் செட் = வகைக்கோவை, முழுச் சேகரிப்பு = விரிக்கோவை. ஒரு சொல் கேட்டீங்க, மூணு கிடைச்சுது.

உரைகல்:

ஐயா சொன்ன அந்த மூணு அடுக்கு சேகரிப்புக்கு அப்படியே பொருந்துது, நான் ரொம்ப நாளா இந்தக் காசுகளை வாங்குறவன், சொல்றேன். விரிக்கு உதாரணம் பால்டிமோர்ல இருந்த லூயிஸ் எலியாஸ்பெர்க். 1942ல கிளாப் குடும்பத்துத் தொகுப்பை ஒட்டுமொத்தமா வாங்கி, 1950ல அன்னைக்குத் தெரிஞ்ச அமெரிக்கக் காசுகள்ல வருஷம், அக்கசாலைக் குறி எதுவும் விடுபடாம முடிச்சார். அவர் வங்கிக்காரர், அவரால முடிஞ்சுது. நமக்கு வகைதான் வழி.

ஆனா "கோவை"ன்னா எனக்கு திருக்கோவையார் ஞாபகம் வருது, கூடவே கோயம்புத்தூரும் வருது. நிரலன், டைப் செட்னு எழுதுறதுல ஒரு சிக்கல் இருக்கு. "டைப்" இந்தத் துறைல ரெண்டு இடத்துல வரும். 1 டாலர் தங்கக் காசுல முதல் டைப் 1849-1854, 13 மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தான் அளவு. ரெண்டாவது டைப் 1854-1856, அகலமாக்கி மெல்லிசாக்கினாங்க, உருவம் ரொம்ப மேடா இருந்ததால சரியா பதியல, அதனால மாத்திட்டாங்க. மூணாவது 1856-1889. ரெண்டாவது டைப் விலை ஏகத்துக்கும் போகும், சின்ன பட்ஜெட்காரங்க அதைத் தள்ளிவெச்சுட்டு ஒண்ணும் மூணும் வாங்குறதுதான் புத்திசாலித்தனம். இந்த டைப்பும் அந்த டைப்பும் ஒரே சொல்லா இருந்தா புதுசா வர்றவங்க குழம்புவாங்க.

வல்லை:

வணக்கம். டொரன்டோவிலயிருந்து எழுதுறன். எங்கட பக்கம் நாணயத்தைக் குற்றி எண்டுதான் சொல்லுறது, நாணயக்குற்றி. அதைவிடுவம். டைப் எண்டதுக்கு "வகை" சரியில்லை எண்டு நினைக்கிறன், வகை எண்டால் இனம், பிரிவு. இங்க பேசுறது காசின்ர மேல இருக்கிற உருவத்தைப் பற்றி. எழுத்துரு எண்டு சொல்லுறமெல்லோ, அதுபோல "காசுரு" எண்டு வைக்கலாம், அல்லது வார்ப்புரு. செட் எண்டதுக்கு நிரை. உருநிரை?

உரைகல்:

வல்லை, வார்ப்புரு மட்டும் வேண்டவே வேண்டாங்க, கெஞ்சிக் கேட்டுக்குறேன். இந்தக் காசுகள் வார்த்தது கிடையாது, அச்சுக்கு நடுவுல வச்சு அடிச்சது. வார்த்த காசுன்னா அது போலி. பழைய அமெரிக்கத் தங்கத்துல போலிங்க நிறைய, அதுவும் 1 டாலர், 2.50, 3 டாலர்ல. சில போலிகள்ல தங்கம் சரியாவே இருக்கும், அடிச்சதும் அச்சுலதான், ஆனா அச்சு கள்ள அச்சு. அதனால கயல், கட்டுரைல எந்தச் சொல் போட்டாலும் இதைக் கட்டாயம் போடுங்க: 5 டாலர் 8.359 கிராம், 21.6 மில்லிமீட்டர், 2.50 டாலர் 4.18 கிராம், 18 மில்லிமீட்டர், எல்லாம் நூத்துக்குத் தொண்ணூறு தங்கம். தராசுல ஒத்துப்போனா மட்டும் நல்ல காசுன்னு நம்பிடக் கூடாது, ஒத்துப்போகலைன்னா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடணும். புதுசா வாங்குறவங்க பிசிஜிஎஸ், என்ஜிசின்னு காசைச் சோதிச்சுத் தரம் சொல்ற ரெண்டு நிறுவனத்துல ஒண்ணு சோதிச்சு பெட்டில அடைச்ச காசா வாங்குறது நல்லது, கொஞ்சம் கூட குடுத்தாலும் ராத்திரி தூக்கம் வரும்.

முதுமொழி:

வல்லை சொன்ன உரு எனக்கும் பிடிச்சிருக்கு. உரு, உருவு, உருவம், உருக்கு எல்லாம் பக்கத்துல பக்கத்துல நிக்கிற சொற்கள், தங்கத்தை உருக்கினா உருப் போயிடும், அந்த உருவுக்குத்தான் சேகரிக்கிறவர் கூட விலை குடுக்கிறார், இதைவிடப் பொருத்தமா ஒரு வேர் கிடைக்குமா. காசும் சாதாரணச் சொல் இல்ல. குறுந்தொகை 67ல கிளி வளைஞ்ச அலகுல வேப்பம்பழத்தை வச்சிருக்கும், அதுக்கு உவமை "பொலங்கல ஒரு காசு", புது நூல் கோக்கறதுக்காக நகத்தால பிடிச்ச பொன் காசு. அங்க காசுன்னா நூல் கோக்குற துளையுள்ள பொன்மணி. அப்படியே வந்து நாணயமாச்சு, அதே நாணயம் திரும்ப காசுமாலைல ஏறிச்சு. ஆக "பொற்காசுருநிரை" இலக்கணப்படியும் பொருள்படியும்

நிரலன்:

ஐயா, "பொற்காசுருநிரை"யை ஒரு தடவை வாய்விட்டு சொல்லிப் பாருங்க. மலர் படிக்கப் போறது இங்க பொறந்த புள்ளைங்களும் அவங்க அப்பா அம்மாவும். பொற்-கா-சுரு-நிரைன்னு எங்கயோ பிரிச்சுப் படிப்பாங்க. புரியாத தூய தமிழைவிட புரியுற கலப்புத் தமிழ் அந்தப் புள்ளைங்களுக்கு நல்லது செய்யும், இதுல எனக்கு உறுதியான கருத்து உண்டு.

உரைகல்:

ஐயா சொன்ன காசுமாலை விஷயத்துல ஒண்ணு சேர்த்துக்குறேன். அமெரிக்காலயும் 1 டாலர், 2.50 டாலர் காசுல வளையம் ஒட்டி நகையா மாட்டிக்கிட்டாங்க. அந்த வளையத்தை எடுத்துட்டு விக்கிற காசுகள் இன்னைக்கும் வரும், மேல் விளிம்புல பத்தவச்ச தடம் தெரியும். சேகரிக்கிறவங்க அதைக் குறையாத்தான் பாப்பாங்க, விலை தங்க மதிப்புக்குப் பக்கத்துலயே இருக்கும். ஆனா 1840கள்ல அடிச்ச ஒரு காசை கைல வச்சுப் பாக்கணும்னு ஆசை, பணம் இல்லைன்னா, தழும்பு இருக்குன்னு தெரிஞ்சே வாங்குறதுல ஒரு தப்பும் இல்ல. தெரியாம முழு விலை குடுத்தா அதுதான் நஷ்டம்.

கயல்:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, தொகை வகை விரி படிச்சதும் ரொம்ப பிடிச்சுப்போய் உடனே கட்டுரைல போட்டுப் பாத்தேன். "குறைந்த தொகையில் வகை சேர்ப்பது எப்படி, தொகை சேர்ப்பது எப்படி"ன்னு வருது. தொகைன்னா இன்னைக்கு எல்லாருக்கும் பணம்தான். ஆனா இதை எழுதும்போது இன்னொண்ணு தோணிச்சு, "வகைதொகை இல்லாம செலவு பண்ணாதே"ன்னு வீட்டுல சொல்வாங்களே, இந்தச் சேகரிப்பு முறையோட உயிரே அதுல இருக்கு. கண்ல பட்டதையெல்லாம் வாங்காம, இந்த வடிவமைப்புல ஒண்ணு வந்தாச்சு, இனி அடுத்ததுன்னு போறது.

இன்னும் ரெண்டு சொல் வேணும். உருக்கினா கிடைக்கிற தங்க விலைக்கு மேல குடுக்குற பிரீமியம். அப்புறம் "காமன் டேட்", அதாவது ஏராளமா கிடைக்கிற வருஷம்.

முதுமொழி:

பிரீமியத்துக்கு வட்டம். காசு மாத்துறவங்க பிடிச்சுக்கிட்டதுக்கு அந்தப் பேர் இருந்தது. காமன் டேட்டுக்கு மலியாண்டு. மலிதல்னா நிறைதல், நிறைஞ்சு கிடந்தா விலை இறங்கும், அதான் மலிவு. நீங்க சொல்ற வருஷத்துக்கு ரெண்டு பொருளும் பொருந்துது.

உரைகல்:

மலியாண்டு பிரமாதம் ஐயா. 1904ல அடிச்ச 20 டாலர் அறுபத்திரண்டு லட்சத்துக்கும் மேல, 1924ல சிற்பி செயின்ட் காடன்ஸ் வடிவமைச்ச 20 டாலர் நாற்பத்துமூணு லட்சம். 1933 ஏப்ரல்ல அதிபர் ரூஸ்வெல்ட் தங்கத்தை ஒப்படைக்கச் சொல்லி ஆணை போட்டார், அவுன்ஸ் 20.67 டாலர்னு குடுத்து வாங்கிட்டு அடுத்த ஜனவரில விலையை 35 ஆக்கினாங்க, காசுகள் ஏராளமா உருக்குக்குப் போச்சு. அந்த ஆணைலயே சேகரிப்பாளர்களோட அரிய காசுக்கு விலக்கு இருந்தது, ஆனா மலியாண்டுக் காசு மலிஞ்சு கிடக்குறதுக்குக் காரணம் வேற. அதுக்கு முன்னாடியே வணிகக் கடனுக்காக ஐரோப்பா வங்கிகளுக்கு மூட்டை மூட்டையா போனது அங்க பெட்டகத்துல தூங்கி, பிற்பாடு திரும்பி வந்துது. எது வெளிய போச்சோ அது பொழைச்சுது. அதனாலதான் லட்சக்கணக்குல அடிச்ச சில வருஷம்கூட இன்னைக்கு அரிதா இருக்கு, அடிச்ச எண்ணிக்கையை மட்டும் பாத்து ஏமாறக் கூடாது.

வட்டம் சரிவராது, அது கழிக்கிறது, இது கூட்டுறது. செய்கூலியும் இல்ல, கூலி குடுத்தா யார்கிட்டயும் செஞ்சுக்கலாம், 1880ஐ யாராலயும் திரும்ப செய்ய முடியாது. "மேல்விலை"ன்னு வைங்க, தங்கத்துக்கு "உருக்குவிலை". கணக்குக்கு அவுன்ஸ் 2000 டாலர்னு வச்சா, 2.50 டாலர் காசோட உருக்குவிலை 242, 5 டாலர் 484, 20 டாலர் 1935. இதைப் பாத்தாலே எங்க ஆரம்பிக்கணும்னு தெரியும். லிபர்ட்டி 2.50, லிபர்ட்டி 5, அப்புறம் 1908-1929ல வந்த இந்தியன் (அமெரிக்கப் பழங்குடியினர்) தலை 2.50ம் 5ம், கூட ஒரு சின்ன 1 டாலர். 10 டாலர் பின்னாடி, 20 கடைசில. 3 டாலரைத் தொடவே வேண்டாம், எந்த வருஷமானாலும் மேல்விலை அதிகம். தரத்துல எம்எஸ்-65 (எம்எஸ்னா புழங்காத காசு, எண் கூடினா தரம் கூடும்) எல்லாம் கனவு காண வேண்டாம், ஏயூ-58 (லேசா மட்டும் புழங்கினது), எம்எஸ்-61, 62ல அழகான காசு கிடைக்கும்.

இந்தியன் தலை காசு சிற்பி பெலா பிராட் பண்ணினது, உருவம் மேடா இல்லாம உள்வாங்கி இருக்கும், அழுக்கு சேர்ந்து நோய் பரவும்னு அந்தக் காலத்துல புகார்கூட பண்ணினாங்க. தேய்மானம் கண்டுபிடிக்கிறது கஷ்டம், அதைப் பெட்டில அடைச்சதா மட்டும் வாங்குங்க. 1911 டென்வர் 2.50 டாலரை விட்டுடுங்க, அந்த ஒரு வருஷத்துக்குத்தான் கொள்ளை விலை.

நிரலன்:

மலியாண்டு, மேல்விலை, உருக்குவிலை மூணும் கேட்டதுமே புரியுது, இப்படி இருந்தா எனக்கு எந்த எதிர்ப்பும் இல்ல. டைப் செட்டுக்கும் ஒண்ணு தோணுது. கடைல மிட்டாய் வாங்கும்போது "வகைக்கு ஒண்ணு குடுங்க"ன்னு கேப்போம். அதேதான் இது. "வகைக்கொன்று." வகைக்கொன்று சேகரிப்பு, வகைக்கொன்றாகச் சேர்ப்பவர். குழந்தைக்கும் புரியும்.

வல்லை:

வகைக்கொன்று நல்லாத்தான் இருக்கு, எங்களுக்கும் விளங்கும். உருநிரையில எனக்கு இன்னும் விருப்பம்தான், ஆனா பிள்ளையளுக்கு எண்டால் இதுவே போதும்.

உரைகல்:

என் ஓட்டும் வகைக்கொன்றுக்கு. 1 டாலர்ல வர்ற டைப் ஒண்ணு ரெண்டு மூணுக்கு "உள்வகை"ன்னு போட்டுக்கலாம், லிபர்ட்டி 20 டாலர்லயும் 1850, 1866, 1877ல தொடங்கினதுன்னு மூணு உள்வகை இருக்கு.

முதுமொழி:

நான் ஒத்துக்க மாட்டேன். வகைக்கொன்றுங்கிறது தொடர், கலைச்சொல் இல்ல. கலைச்சொல்லுன்னா அதுலேருந்து இன்னொரு சொல் பொறக்கணும். டைப் செட்டுக்கு வகைக்கொன்று, சரி, "டைப் காயின்"னுக்கு என்ன போடுவீங்க? வகைக்கொன்றுக் காசா? 1866ல 5 டாலர்ல "கடவுளை நம்புகிறோம்"ங்கிற வாசகம் சேர்ந்துச்சே, அது வகையா, உள்வகையா? உரைகல் அதை உள்வகைம்பார், நிறைய பேர் தனி வகையா எண்ணி ரெண்டு காசு வாங்குறாங்க. தொகை வகை விரின்னு அடுக்கு இருந்தா இதுக்கு ஒரு இடம் கிடைக்கும். வெள்ளிக்கிழமைக்காக ஒரு சொல்லை முடிவு பண்ணக் கூடாதும்மா.

கயல்:

ஐயா, நீங்க கேட்டது நியாயமான கேள்வி, டைப் காயினுக்கு எனக்கும் விடை தெரியல, கட்டுரைல அந்த இடத்தை "வகைக்கு எடுத்த காசு"ன்னு சுத்தி எழுதியிருக்கேன். மலருக்கு வகைக்கொன்று, உள்வகை, மலியாண்டு, மேல்விலை, உருக்குவிலை அனுப்பிட்டேன். வாசகம் இருக்குறது, இல்லாதது ரெண்டையும் தனி வகையாவே காட்டிட்டேன், 5 டாலர்ல வாசகம் இல்லாத மலியாண்டுகளும் கைக்கு எட்டுற விலைலதான் இருக்குன்னு உரைகல் அண்ணா தனிமடல்ல சொன்னதால.

முதுமொழி:

அப்போ உள்வகைங்கிற சொல்லே அந்த இடத்துல செல்லாம போச்சே. திங்கள்கிழமை இதை மறுபடி எடுக்குறேன், வல்லை, உருநிரையை விட்டுடாதீங்க.