மலக்கு, சம்மனசு, தேவதூதன்: மறுக்கும் உரிமை இருக்கிறதா?

கோத்தகிரி மூடுபனி:
ஞாயிறு கூட்டத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. ஆர்.சி., சி.எஸ்.ஐ., பள்ளிவாசல் என எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். இப்போது எழுதியிருக்கும் வரி: “ஆபிரகாமிய மதங்களின்படி (யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம்) தேவதூதர்களுக்குச் சுயவிருப்பம் கிடையாது, இறைவன் சொன்னதை மட்டுமே செய்வார்கள்.” அச்சுக்குக் கொடுத்துவிடலாமா?

ஊட்டி மறைக்கல்வி:
கொடுக்காதீங்க. கத்தோலிக்க போதனை இதற்கு நேர் எதிர். 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் (திருச்சபையின் பொதுச்சங்கம்) தெளிவாகவே சொல்லிவிட்டது: அலகையையும் (சாத்தானையும்) மற்றப் பேய்களையும் கடவுள் நல்லவர்களாகத்தான் படைத்தார், அவர்கள் தாமாகவே தீயவர்களானார்கள். அந்த ‘தாமாகவே’ போய்விட்டால் தீமைக்கான பழி படைத்தவர் தலையில் விழும். 2 பேதுரு 2:4 பாவம் செய்த தூதர்களைப் பற்றிப் பேசுகிறது. விருப்பமில்லாதவன் பாவம் செய்ய முடியாதே.

கூடலூர் பாய்:
‘ஆபிரகாமிய மதங்கள்’ என்பதை வெட்டிவிட்டு ‘இஸ்லாத்தின்படி’ என்று போட்டால் அந்த வரி எங்களுக்குச் சரி. குர்ஆன் 66:6: இட்ட கட்டளைக்கு அவர்கள் மாறு செய்வதில்லை. 21:27: அவனை முந்திக்கொண்டு பேசவும் மாட்டார்கள். இப்லீஸ் (எங்கள் வழக்கில் சாத்தான்) மலக்கு (தேவதூதன்) இல்லை, ஜின் இனம்; ஜின் என்பது கண்ணுக்குத் தெரியாத வேறொரு படைப்பு. 18:50 நேரடியாகவே சொல்கிறது. அவன் நெருப்பில் படைக்கப்பட்டவன் (7:12). மலக்குகள் ஒளியில் படைக்கப்பட்டவர்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) சஹீஹ் முஸ்லிம் என்ற தொகுப்பில் இருக்கிறது. விழுந்த தூதன் லூசிபர் என்ற கிறிஸ்தவக் கதையைத் தூக்கி வந்து இப்லீஸ் மேல் ஒட்டுவதால்தான் பாதிக் குழப்பமும். கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறும் ரயில் மாதிரிதான் மலக்குகள்: போட்ட தடத்தில் போகும், விலகாது.

கேத்தி பாசஞ்சர்:
பாய், ரயில் கேள்வி கேட்காது. 2:30-இல் மலக்குகள் கேட்கிறார்கள்: பூமியில் குழப்பம் செய்து இரத்தம் சிந்துகிறவனையா படைக்கப் போகிறாய்? இன்னும் இரண்டு உதைக்குது. 66:6 நரகக் காவலர்களைப் பற்றிய வசனம்; அதை வைத்து எல்லா மலக்குக்கும் விதி எழுதலாமா? 2:34-இல் ஆதமுக்கு ஸஜ்தா (சிரம்பணிதல்) செய்யும்படி கட்டளை மலக்குகளுக்கு; இப்லீஸ் மறுக்கிறான். இப்லீஸ் அந்தக் கூட்டத்தில் இல்லையென்றால் அவன் மீறியது எந்தக் கட்டளையை?

கூடலூர் பாய்:
கடைசிக் கேள்விக்கு 7:12 போதும்: “நான் உனக்குக் கட்டளையிட்டபோது” என்று அவனிடமே கேட்கப்படுகிறது. ஆக, கட்டளை அவனுக்கும்தான். ஆனால் இப்லீஸ் மலக்குகளில் ஒருவனாக இருந்தான் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) பெயரில் வரும் அறிவிப்புகள் தபரியின் குர்ஆன் விரிவுரையில் இருக்கின்றன. அதே தபரியில் ஆரம்பகால அறிஞர் ஹஸன் அல்-பஸ்ரீ, அவன் ஒரு கண் சிமிட்டும் நேரம்கூட மலக்காக இருந்ததில்லை என்கிறார். நான் ஹஸன் பக்கம்.
66:6 நரகக் காவலர்களைப் பற்றியது என்பது சரி. அதனால்தான் அதைத் தனியே நிறுத்தாமல் 16:49-50-ஐயும் சேர்த்துப் படிக்கணும். அங்கே மலக்குகள் பொதுவாகவே, இட்ட கட்டளையைச் செய்பவர்களாக வருகிறார்கள். 2:30-இல் இருப்பது அறியக் கேட்ட கேள்வி, மறுப்பு இல்லை. பதில் வந்ததும் 2:32-இல், நீ கற்றுத் தந்ததைத் தவிர எங்களுக்கு அறிவில்லை என்று அடங்கிவிடுகிறார்கள். சூனியத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஹாரூத், மாரூத் என்ற இரு மலக்குகளை யாராவது இழுப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: 2:102-இல் அவர்கள் ‘நாங்கள் ஒரு சோதனை’ என்று எச்சரித்துவிட்டே கற்பிக்கிறார்கள். பெண்ணாசையில் விழுந்தார்கள் என்ற கதை குர்ஆனில் இல்லை.

கேத்தி பாசஞ்சர்:
21:29? அவர்களில் எவராவது ‘நானும் இறைவன்’ என்றால் நரகம் என்கிறது. முடியவே முடியாதவனை எதற்கு மிரட்டணும்?

கூடலூர் பாய்:
அங்கே இருப்பது ‘சொன்னால்’ என்கிற நிபந்தனை, சொன்னார்கள் என்றில்லை. மலக்குகளை இறைவனின் மகள்கள் என்று வணங்கியவர்களுக்கான பதில் அது. ஆற்றல் இருந்தும் மீறாதவர்கள் என்று அதை வைத்து வாதிடலாம், ஒப்புக்கொள்கிறேன். மீறினார்கள் என்று மட்டும் எழுத முடியாது.

குன்னூர் நூலகம்:
யூதர்களை எல்லாரும் மறந்தாச்சு. அங்கே ஒரே விடை கிடையாது. ஆதியாகம ரப்பா (ஆதியாகமத்துக்கான பழைய யூத விளக்கவுரை) 50:2: ஒரு தூதனுக்கு ஒரு வேலைதான், ஒரே வேலைக்கு இரண்டு தூதர்கள் போவதில்லை. யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத், ஷப்பாத் 88ஆ-89அ: தோராவை (திருச்சட்டத்தை) மனிதனுக்குக் கொடுக்காதே என்று தூதர்கள் வாதாட, மோசே திருப்பிக் கேட்கிறார்: உங்களுக்குள் பொறாமை உண்டா, தீய நாட்டம் உண்டா? இல்லாதவர்களுக்குச் சட்டம் எதற்கு? ஆனால் பழைய யூத நூலான ஏனோக்கு முதல் நூலில் 200 தூதர்கள் எர்மோன் மலையில் இறங்கிப் பெண்களை மணக்கிறார்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை அதை வேதமாக வைத்திருக்கிறது. யூதா நிருபம் 14, 15 அதிலிருந்துதான் எடுத்துச் சொல்கிறது. யூத வேத நூல்களில் அதற்கு இடமில்லை. இடைக்கால யூத அறிஞர் மைமோனிடஸோ தூதர்கள் அறிந்தும் தெரிந்தெடுத்தும்தான் செயல்படுகிறார்கள், ஆனால் நம் தெரிவு போன்றதல்ல என்கிறார்.

மூடுபனி, ஒரு வரியை விட்டுவிட்டுக் கட்டம் போடுங்க. குறுக்கே மூன்று மதம். கீழே மூன்று கேள்வி: தெரிந்தெடுக்கும் ஆற்றல் உண்டா? தப்பு செய்யத் தூண்டும் ஆசை உண்டா? தவறினால் திரும்பி வரலாமா? இந்த மூன்றையும் ‘சுயவிருப்பம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் இத்தனை சண்டை.

ஊட்டி மறைக்கல்வி:
கத்தோலிக்கக் கட்டத்துக்கு: ஆற்றல் உண்டு. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் ‘இறையியல் சுருக்கம்’, முதல் பாகம், வினா 59, பிரிவு 3: அறிவு இருக்குமிடத்தில் தெரிவும் உண்டு. உடல் சார்ந்த ஆசை இல்லை. வீழ்ச்சிக்குக் காரணம் செருக்கு, பொறாமை (வினா 63). திரும்பி வர வழியில்லை (வினா 64): நாம் யோசித்து யோசித்து முடிவெடுப்பதால் மாற்றிக்கொள்கிறோம், அவர்கள் ஒரே பார்வையில் முழுதும் அறிந்து முடிவெடுப்பதால் அதிலேயே நிற்கிறார்கள். திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 393-ம் இதையே சொல்கிறது: குறை இறை இரக்கத்தில் இல்லை, அவர்கள் தெரிவின் மாறாத தன்மைதான் காரணம்.

கூடலூர் பாய்:
சரி, விழாத சம்மனசுகள் (உங்கள் நல்ல தூதர்கள்)? இனிமேல் அவர்களால் பாவம் செய்ய முடியுமா?

ஊட்டி மறைக்கல்வி:
முடியாது. வினா 62, பிரிவு 8. கடவுளை நேரே காண்கிறவனுக்கு வேறொன்று நல்லதாகத் தோன்றாது. அதனால் சுதந்திரம் போய்விடாது. கடவுளாலும் பாவம் செய்ய முடியாது, அவர் சுதந்திரமற்றவரா?

கூடலூர் பாய்:
அப்படியானால் உங்கள் தூதர் மிக்கேலும் எங்கள் மலக்கு மீக்காயீலும் இன்றைக்கு ஒரே கட்டத்தில்தான்.

ஊட்டி மறைக்கல்வி:
இன்றைக்கு, ஆமாம். ஆனால் மிக்கேல் ஒரு முறை தெரிந்தெடுத்துவிட்டு அங்கே நிற்கிறார். உங்கள் மீக்காயீலுக்கு அந்த ஒரு முறை உண்டா என்பதுதான் கேள்வி.

கூடலூர் பாய்:
இல்லை. அந்த இடத்தில் ‘படைப்பிலிருந்தே’ என்று எழுதுங்க மூடுபனி. இப்லீஸை மலக்குக் கட்டத்தில் போடாமல், கீழே ஜின்னுக்குத் தனி வரிசை விடுங்க.

கேத்தி பாசஞ்சர்:
21:29-ஐயும் அடிக்குறிப்பில் போடுங்க.