மறு: மறு: விர்ச்சுவல் ஃபென்ஸ் – தமிழில் என்ன?

கோவையிலிருந்து ம.:

குழுவினருக்கு வணக்கம். அவசரம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். கால்நடை அறிவியல் மாணவர்களுக்கான படம் ஒன்றுக்கு வெள்ளிக்கிழமைக்குள் தமிழ் சப்டைட்டில் கொடுத்தாக வேண்டும். (சப்டைட்டில் என்று எழுதியதற்கு இப்போதே மன்னிப்பு.) அமெரிக்காவின் மேற்கே, கொலராடோ, நியூ மெக்சிகோ, நெவாடா போன்ற வறண்ட மாநிலங்களில் மாடு வளர்ப்பவர்கள் நிலம் கெடாமல் மேய்க்க என்னென்ன செய்துபார்க்கிறார்கள் என்பதுதான் படம்.

அதில் நிமிடத்துக்கு ஒருமுறை விர்ச்சுவல் ஃபென்ஸ் வருகிறது. மாட்டின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை. எல்லையைக் கணினியில் கோடாக வரைந்துவிடுகிறார்கள். மாடு கோட்டை நெருங்கினால் பட்டை ஒலி எழுப்பும். அதையும் மீறி நடந்தால் சின்ன மின்னதிர்ச்சி. சில நாள் பழகியபின் பெரும்பாலான மாடுகள் ஒலி கேட்டதுமே திரும்பிவிடுகின்றன. கம்பி கிடையாது, கல்லுக்கால் கிடையாது.

'மெய்நிகர் வேலி' என்று போட்டேன். வகுப்பில் ஓட்டிப் பார்த்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "மிஸ், இது கேமுக்குள்ள இருக்கிற வேலியா?" என்றாள். அன்றிலிருந்து எனக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை. வேறு சொல் தாருங்கள். திரையில் ஒரு வரிக்கு 30 எழுத்துதான் இடம்.

தஞ்சையிலிருந்து சி.:

அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டு. சிக்கல் 'மெய்' என்ற சொல்லில் இருக்கிறது. வினை, பயன், மெய், உரு என உவமை நான்கு வகைப்படும் என்பது தொல்காப்பியம். அங்கே மெய் என்பது வடிவம். 'நிகர' என்பது நன்னூல் சொல்லும் உவம உருபுகளில் ஒன்று. ஆக, மெய்நிகர் வேலி என்றால் வடிவத்தால் வேலியை ஒத்தது என்றுதான் பொருள்படும். இந்த வேலிக்கு வடிவமே இல்லையே! வேலி செய்யும் வினையை மட்டும்தான் இது செய்கிறது. எனவே 'வினைநிகர் வேலி' என்பதே இலக்கணப்படி சரி. சுருக்கம் வேண்டுமானால் 'வினைவேலி'.

டென்வரிலிருந்து கு.:

ஐயா, வினைவேலி என்றால் போன பிறவியில் பாவம் செய்த மாடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

இங்கே இதை எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பதையும் பார்த்துவிட்டுப் பெயர் வைக்கலாம். இல்லினாயைச் சேர்ந்த கிளிட்டன் 1874-இல் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கியதிலிருந்து மேற்கு முழுவதும் கம்பி மயம். பிராங்ஹார்ன் என்று மான் மாதிரி ஒரு விலங்கு. ஓட்டத்தில் இந்தக் கண்டத்தில் அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் வேலியைத் தாண்டிக் குதிக்காது, அடியில் நுழையத்தான் பார்க்கும். கீழ்க்கம்பி தாழ்வாக இருந்தால் மாட்டிக்கொள்ளும். சேஜ் கிரவுஸ் என்ற பறவை தாழப் பறந்து கம்பியில் மோதிச் சாகிறது. அப்புறம் காட்டுத்தீ. எரிந்த இடத்தில் புல் தழைக்கும்வரை மாட்டை விடக் கூடாது. அதற்காக மலைமேட்டில் பல மைல் கம்பி இழுத்து, பிறகு பிடுங்க வேண்டும். ஓடைக்கரையைக் காப்பதற்கும் இதே பாடுதான். பட்டை இருந்தால் கோட்டை மாற்றி வரைந்தால் போதும். ஆனால் கம்பி ஒரேயடியாகப் போய்விடாது. சொத்தின் வெளிச்சுற்றுக்கும் சாலையோரத்துக்கும் அது இன்னும் வேண்டும். இது பெரும்பாலும் உள்ளே தடுப்பதற்கு.

இன்னொன்று, மாடு மேய்க்கும் பரந்த நிலமான ராஞ்சைப் 'பண்ணை' என்று எழுதாதீர்கள், அம்மா. கோழிப்பண்ணை நினைவுக்கு வரும். பவல் என்ற நில ஆய்வாளர் 1878-இலேயே, இந்த வறண்ட பூமியில் மேய்ச்சலை நம்பும் குடும்பத்துக்கு 2,560 ஏக்கராவது வேண்டும் என்று எழுதினார். அப்போது குடியேற்றச் சட்டம் கொடுத்துக்கொண்டிருந்தது 160 ஏக்கர். அந்த அகலம் பண்ணை என்ற சொல்லில் இல்லை.

காங்கயத்திலிருந்து ப.:

அம்மிணி, எங்க ஊர் ஆட்கள் இதைக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். மேய்கிற மாட்டின் கழுத்திலேயே வேலி தொங்குகிறது. வேலியே பயிரை மேய்ந்தது என்று இனிமேல் பழமொழியாகச் சொல்ல வேண்டாம், செய்தியாகவே சொல்லலாம்.

எங்கள் பக்கம் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் காட்டை, சுற்றிக் கிளுவைச் செடி வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். ஒரு காட்டை மேயவிட்டு இன்னொன்றை ஆறப்போடுவோம். அவர்கள் கணினியில் செய்வதும் அதேதான். மாட்டுக்காரர் குரல் கொடுத்தால் மாடு திரும்பும், இங்கே பட்டை குரல் கொடுக்கிறது. 'குரல்வேலி' என்று வையுங்கள். படிக்காதவருக்கும் புரியும்.

மட்டக்களப்பிலிருந்து வ.:

குரல்வேலி வடிவான சொல். ஆனால் அதிர்ச்சி கொடுக்கிற பகுதி அதில் இல்லையே. 'மின்பட்டி' என்றால் என்ன? எங்களிடம் பட்டி என்றால் மாட்டுக்கூட்டம், அடைக்கிற இடம் இரண்டும்தான். மாட்டுப் பொங்கலையே பட்டிப்பொங்கல் என்றுதான் சொல்கிறோம். மின்வேலி மட்டும் வேண்டாம். இங்கே அது யானைக்குப் போடுகிற கம்பி. ரேஞ்ச்லாண்ட் என்கிற திறந்த மேய்ச்சல் நிலத்துக்கு 'மேய்ச்சல் தரை' என்ற சொல் எங்களிடம் பேச்சிலும் செய்தியிலும் இருக்கிறது, புதிதாகத் தேடத் தேவையில்லை.

கோவையிலிருந்து ம.:

மேய்ச்சல் தரையை எடுத்துக்கொண்டேன், நன்றி அண்ணா. மின்பட்டி வேண்டாம், இங்கே பட்டி என்றால் கிராமத்து ஊர்ப்பெயர்தான் நினைவுக்கு வரும். மின்சாரம் வந்த பட்டி என்பார்கள்.

கூடவே இரண்டு சொற்கள். அரிசோனா – நியூ மெக்சிகோ எல்லையில் மால்பாய் பார்டர்லாண்ட்ஸ் என்று மாடு வளர்ப்பவர்களின் குழு, 1994-இல் தொடங்கியது. வறட்சியில் ஒருவர் தன் மாடுகளைப் பக்கத்துப் பெரிய ராஞ்சில் மேய விடலாம். பதிலுக்குத் தன் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பதில்லை என்று சட்டப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். இதைக் கிராஸ்பேங்க் என்கிறார்கள். 'புல்வங்கி' சரிதானே? இன்னொன்று, ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் தின்னும் தீவனம். அரசு நிலத்தில் மேய்ச்சல் கட்டணமே அந்தக் கணக்கில்தான். 'மாட்டுமாதம்' என்று போட்டிருக்கிறேன்.

தஞ்சையிலிருந்து சி.:

மாட்டுமாதம் நன்று. வங்கி தமிழல்ல, 'புல்வைப்பகம்' என்க.

வேலியைப் பற்றி யாரும் ஆழமாகப் போகவில்லை. வேல மரத்து முள்ளால் அடைத்ததால்தான் அது வேலி என்பது என் நெடுநாள் கருத்து. வேலி என்பது நில அளவையும்கூட, 20 மா கொண்டது. அடைத்த நிலமும் அடைப்பும் ஒரே பெயரால் நின்றன. முல்லைப்பாட்டில் பாசறையைச் சுற்றி 'இடுமுள் புரிசை', அதாவது முள் இட்ட மதில், வருகிறது. கிளிட்டன் பிறப்பதற்கு எத்தனை நூற்றாண்டு முன்பு! முள்கம்பிக்கு 'இடுமுள்' என்ற சொல்லை மீட்க வேண்டும். ராஞ்ச் என்பதுகூட நம் 'அரண்' என்பதன் திரிபோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

டென்வரிலிருந்து கு.:

ஐயா, ராஞ்சோ ஸ்பானியச் சொல். ஆட்கள் கூடி உண்ணும் இடத்தைக் குறித்தது, பிறகுதான் மேய்ச்சல் நிலத்துக்கு வந்தது. அரணை விட்டுவிடுங்கள்.

என் பரிந்துரை 'கம்பியில்லா வேலி'. கம்பியில்லாத் தந்தி என்று நம் தாத்தாக்கள் சொன்னார்களே, அதே கம்பியில்லா. முள்கம்பியும் இல்லை, தகவல் போவதும் கம்பியில்லாமல். இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது.

காங்கயத்திலிருந்து ப.:

இது நல்லா இருக்குதுங்க. குரல்வேலியை வாபஸ் வாங்குகிறேன், அரைமனதாக.

மட்டக்களப்பிலிருந்து வ.:

எனக்கும் சம்மதம்.

தஞ்சையிலிருந்து சி.:

எனக்குச் சம்மதமில்லை. காங்கயத்தார் சொன்ன கிளுவை வேலியில் கம்பி எங்கே இருக்கிறது? ஓலைப்படலில் எங்கே இருக்கிறது? கம்பி வருவதற்கு முன் நம்மிடம் இருந்த எல்லா வேலியும் கம்பியில்லா வேலிதான். எதிலெல்லாம் கம்பி இல்லை என்று சொல்வது பெயராகாது.

கோவையிலிருந்து ம.:

ஐயா சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. அதுதான் கஷ்டம். ஆனால் இரவு பதினொன்றாகிவிட்டது, கோப்பை மூட வேண்டும். மூன்று பேர் சொன்னதால் கம்பியில்லா வேலி. முதல்முறை வரும் இடத்தில் மட்டும் 'கழுத்துப்பட்டை ஒலித்துத் தடுக்கும்' என்று முன்வரி சேர்த்திருக்கிறேன். புல்வங்கி வங்கியாகவே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. படத்தின் முடிவில் ஓரிகனில் ஓர் ஓடை. வெட்டுண்டு ஆழமாகிவிட்ட ஓடையின் குறுக்கே கட்டைகளை அடித்து, வில்லோ மரக் கிளைகளைப் பின்னி, பீவர் என்ற விலங்கு கட்டும் அணையைப் போலவே மனிதர்கள் கட்டுகிறார்கள். தண்ணீர் நின்று கரையில் ஊறுகிறது. இது வடிவத்தாலும் அணையை ஒத்ததுதானே ஐயா? உங்கள் இலக்கணப்படியே 'நீர்நாய் அணைநிகர்' என்று போட்டுவிட்டேன். சரிதானே?

தஞ்சையிலிருந்து சி.:

அணைநிகர் மிகச் சரி. ஆனால் நீர்நாய் மீன் தின்னும் விலங்கு, சங்கப் பாட்டில் வாளை மீனைக் கவ்விக்கொண்டு வருவது அதுதான். பீவர் மரப்பட்டை தின்பது, கொறிக்கும் இனம். கோப்பை மூடாதீர்கள். காலையில் விரிவாக எழுதுகிறேன்.