குழுநிலை விவாதத்தில அமைச்சர் சொன்ன கணக்கு: எங்க போய்ச் சரிபார்க்கிறது?

எருவில்_பொடியன் (களுவாஞ்சிக்குடி)

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வாசிகசாலைப் பலகையில ஒட்டுறதுக்கு ஒரு பக்க நோட்டீஸ் ஒண்டு எழுதுறம். விசயம் இலங்கைப் பாராளுமன்றத்தின்ட 2025 பட்ஜெட் விவாதத்தில அரச தரப்பு சொன்ன நாலு கணக்கு: பசளை மானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, நாடு வகை நெல் கிலோ 120 ரூபா, அஸ்வெசும (அரசின்ட மாதாந்த நலன்புரிக் கொடுப்பனவு) மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா, பணவீக்கம் மறைப் பெறுமானத்துக்கு (சுழியத்துக்குக் கீழ) போயிற்று.

கைவசம் இருக்கிறது பேஸ்புக்கில ஓடுற ரெண்டு நிமிச வீடியோத் துண்டுகள் மட்டும்தான். கேள்வி மூண்டு:

1. முழுப் பேச்சை எங்க எடுக்கலாம்?
2. ஒதுக்கினம் எண்டு சொல்ற காசு செலவாச்சுதா எண்டு எந்தப் புத்தகத்தில பார்க்கிறது?
3. மட்டக்களப்பு, அம்பாறைக் கணக்கை மட்டும் பிரிச்செடுக்க வழி இருக்கா?

ஆரையும் ஏசுற நோட்டீஸ் இல்ல. ஒரு எண் பிழைச்சாலும் ரெண்டு கட்சிக்காரரும் வாசலுக்கு வந்திருவாங்க, அதால கேக்கிறன்.

---

சபாபீடம்

தம்பி, முதல் வேலை அந்த வீடியோத் துண்டை ஒதுக்கி வையுங்க. தமிழில கேக்கிறது பெரும்பாலும் சமநேர மொழிபெயர்ப்பாளரின்ட குரல். அமைச்சர் சிங்களத்தில சொன்னதை அவர் ஓடுற ஓட்டத்தில தமிழாக்குவார், எண் சொல்ற இடத்தில நாக்கு வழுக்கிறது வழமை. மில்லியன் எண்டா 10 இலட்சம், பில்லியன் எண்டா 100 கோடி. ஒரு சுழியம் விட்டா உங்கட நோட்டீஸ் முடிஞ்சுது.

எடுக்க வேண்டியது ஹன்சாட், அதாவது சபையில பேசினதைச் சொல்லுக்குச் சொல் அச்சடிக்கிற பதிவு. பாராளுமன்ற இணையத்தளத்தில திகதி வாரியா பிடிஎஃப் கிடக்கும். பேச்சு எந்த மொழியில நடந்ததோ அந்த மொழியிலதான் அச்சாகும், தமிழாக்கம் இராது. சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்தில இருத்திக் கொள்ளுங்க. முகப்பில "பிழை திருத்தப்படாதது" எண்டு இருந்தா அது முதல் பதிப்பு. மேற்கோள் காட்டலாம், ஆனா அப்படித்தான் எண்டு அடியில ஒரு சொல் போடுங்க.

எந்த நாளைத் தேடுறது? 2025 வரவு செலவுத்திட்ட உரை பெப்ரவரி 17. அந்த உரைதான் இரண்டாம் வாசிப்பின்ட தொடக்கம். அந்த வாசிப்பு வாக்கெடுப்பு பெப்ரவரி 25இல், மூன்றாம் வாசிப்பு மார்ச் 21இல். இடையில நடந்ததுதான் குழுநிலை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அமைச்சின்ட செலவுத் தலைப்பு. விவசாய அமைச்சின்ட நாள் எதுவெண்டு பார்த்து, அண்டைய ஹன்சாட்டின்ட கடைசிப் பகுதிக்குப் போங்க. நாள் முழுக்க எதிர்க்கட்சி கேட்டதுக்கு அமைச்சர் பதில் சொல்றது அங்கதான், பாதுகாக்கிற வாதம் எல்லாம் அந்த இருபது முப்பது நிமிசத்துக்குள்ள கிடக்கும்.

ரெண்டு இடத்தில ஆக்கள் தடுமாறுவாங்க. ஒண்டு, "விடையைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்" (வாசிக்காம எழுத்தில கையளிக்கிறது) எண்டு அமைச்சர் சொன்னா வீடியோவில ஒண்டும் இராது. ஆனா அந்த அட்டவணை ஹன்சாட்டில அச்சாகும். மாவட்ட வாரியான எண் கிடைக்கிறது பெரும்பாலும் அங்கதான், அதை விட்டிடாதீங்க. மற்றது, குழுநிலையில எதிர்க்கட்சி "செலவினத்தை ரூபா 10 ஆல் குறைக்க வேண்டும்" எண்டு பிரேரிக்கும். அது விவாதத்தைத் தொடக்கிறதுக்கான சம்பிரதாயம். இதைப் பிடிச்சுக்கொண்டு "இவங்கதான் உங்கட மானியத்தை வெட்டச் சொன்னவங்க" எண்டு மேடையில பேசினா, அது வேணுமெண்டே குழப்புற வேலை.

இனி ரெண்டாவது கேள்வி. பேச்சை வாசிக்கேக்க எண்ணுக்கு முதல் வினைச்சொல்லுக்குக் கோடு போடுங்க. *ஒதுக்கினோம், விடுவித்தோம், செலவிட்டோம், வழங்கினோம்*: இந்த நாலும் நாலு வேற காரியம். பாராளுமன்றம் வாக்களிச்சா ஒதுக்கீடு. திறைசேரி அமைச்சுக்குக் காசை (கட்டுநிதி) அனுப்பினா விடுவிப்பு. அமைச்சு கணக்கை மூடினா செலவு. பயனாளியின்ட வங்கிப் புத்தகத்தில ஏறினா வழங்கல். நல்லாப் பேசத் தெரிஞ்ச அமைச்சர் முதல் வசனத்தில ஒதுக்கி, மூண்டாவது வசனத்தில வழங்கி முடிச்சிருவார். இடையில பொய் ஒண்டும் இராது, வினை மட்டும் மாறியிருக்கும்.

செலவைப் பார்க்க வரவு செலவுத்திட்ட மதிப்பீட்டுப் புத்தகம் எடுங்க, நிதி அமைச்சின்ட தளத்தில இருக்கு. அதில ஒவ்வொரு வரிக்கும் பல நிரல். முந்தின முந்தின ஆண்டின்ட உண்மைச் செலவு, முந்தின ஆண்டின்ட திருத்திய மதிப்பீடு, நடப்பாண்டு மதிப்பீடு, பிறகு வாற ஆண்டுகளுக்கான எறியம் (முற்கணிப்பு). 2025இல உண்மையில எவ்வளவு போச்சுது எண்டு இதே நிரலில பார்க்க 2027 புத்தகம் வேணும். அவ்வளவு காத்திருக்க ஏலாட்டி நிதி அமைச்சின்ட ஆண்டறிக்கையும் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின்ட அறிக்கையும்தான் வழி.

மூலதனச் செலவுக்கு (வாய்க்கால், றோட்டு மாதிரிக் கட்டுமானம்) ஒதுக்கினது ஏன் செலவாகாம மிஞ்சுது எண்டதும் எங்கட பக்கத்து ஆக்களுக்குத் தெரிஞ்ச விசயம். செலவாகாத ஒதுக்கீடு டிசம்பர் 31ஓட செத்துப் போகும். 2025இல ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறினதே மார்ச்சில. கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரி, ஒப்பந்தம் எழுதி வேலை தொடங்க ஆடி ஆவணி. ஐப்பசி கார்த்திகையில வடகீழ்ப் பருவமழை இறங்கினா வாய்க்கால் கட்டும் இல்ல, கிறவல் றோட்டும் இல்ல.

---

வட்டை_வரம்பு (சம்மாந்துறை)

மேல சபாபீடம் காக்கா (அண்ணன்) சொன்னது சரி. நான் நெல்லை மட்டும் சொல்றன்.

25,000 எண்டது ஹெக்டேயருக்கு. நாங்க ஏக்கரில பேசுற ஆக்கள். ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர், அப்ப ஏக்கருக்கு ஏறக்குறைய 10,100 ரூபா. உச்ச வரம்பு 2 ஹெக்டேயர், அதாவது 5 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஆகக் கூடினது 50,000. பத்து ஏக்கர் செய்ற ஆளுக்கும் அதே 50,000தான், ஏக்கருக்கு 5,000 விழும். முந்தி 15,000 இருந்தது 25,000 ஆனது உண்மை. அமைச்சர் அதைச் சொல்லலாம், சொல்லவும் வேணும். நோட்டீஸில வரம்பையும் சேர்த்துப் போட்டா முழு உண்மை.

காசு வாறது கமநல சேவை நிலையத்தில பதிஞ்ச பெயருக்கு. குத்தகைக்குச் செய்றவரின்ட பெயர் அந்தப் போகத்துக்குப் பதியப்படாட்டி மானியம் காணிக்காரருக்குப் போகும், இல்லாட்டி ஒருத்தருக்கும் போகாது. "எங்கட வட்டையில பாதிப்பேருக்கு வரல்ல" எண்டு ஒரு கதை வந்தா, பதிவு இல்லாததாலயா, வங்கிக் கணக்கு எண் பிழைச்சதாலயா, காசு விடுவிக்கப்படாததாலயா எண்டு பிரிச்சுக் கேளுங்க. மூண்டாவதுக்கு மட்டும்தான் அமைச்சர் பொறுப்பு.

இனி 120 ரூபா. உத்தரவாத விலை 2025 பெப்ரவரி 5இல அறிவிச்சாங்க: நாடு 120, சம்பா 125, கீரிச் சம்பா 132. அம்பாறையிலயும் மட்டக்களப்பிலயும் மாரி வெள்ளாமை வெட்டு தையிலயே தொடங்கிரும். அதுக்கு முதல் வித்தவருக்கு அந்த விலை காகிதத்தில மட்டும்தான். அந்த விலை 14 சதவீத ஈரப்பதன் நெல்லுக்கு. மெசினால வெட்டின நெல் அப்பிடியே வரம்புக்கு வாற நேரம் ஈரம் கூடத்தான் இருக்கும். 20 சதவீதம் எண்டு வையுங்க:

66 கிலோ மூடை × 0.80 = 52.8 கிலோ காய்ஞ்ச பொருள்
52.8 ÷ 0.86 = 14 சதவீதத்தில 61.4 கிலோ
61.4 × 120 = ஏறக்குறைய 7,370 ரூபா
7,370 ÷ 66 = பச்சை நெல் கிலோவுக்கு 111 ரூபா 60 சதம்

அப்ப வியாபாரி வரம்பில நிண்டு பச்சை நெல்லை 112க்குக் கேட்டா அவர் உத்தரவாத விலையைத்தான் தாறார், காயவைக்கிற கூலியும் நெல் ஏத்திப்போற உழவு மெசின் கூலியும் எங்களுக்கு மிச்சம். 95க்குக் கேட்டா அது கொள்ளை. எதிர்க்கட்சிப் பேச்சில "120 எண்டு சொல்லிப்போட்டு 110க்கு எடுக்கிறாங்க" எண்டு வரேக்க ஈரப்பதன் சொல்லாட்டி அந்தக் குற்றச்சாட்டும் அரைவாசிதான். அமைச்சரும் நெல் சந்தைப்படுத்தும் சபை களஞ்சியம் எண்டைக்குத் திறந்தது எண்டு சொல்லாட்டி அவரின்ட பதிலும் அரைவாசிதான்.

---

மறை_எண்

பணவீக்கத்துக்கு ரெண்டு வரி. 2022 செப்டம்பரில கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 69.8 சதவீதம். 2025 பெப்ரவரியில மறை 4.2. அமைச்சர் சொன்னது சரி. ஆனா 100 ரூபாச் சாமான் 170 ஆகி, பிறகு 4.2 சதவீதம் குறைஞ்சா 163, திரும்ப 100 ஆகாது. விலை கொஞ்சம் இறங்கினதைப் பழைய விலைக்குத் திரும்பினதா விளங்கிக் கொள்றதுதான் சந்தையில நடக்கிற சண்டைக்குக் காரணம்.

இன்னொண்டு, அந்தச் சுட்டெண் கொழும்பு நகரச் செலவை வைச்சுச் செய்றது. எங்கட பக்கத்துக்குக் கிட்டவா நிக்கிறது தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண். அது அடுத்த மாதம் மூண்டாம் கிழமை அளவில வரும்.

---

திறைசேரிப்_பூட்டு

எல்லாரும் அமைச்சரைப் பிடிச்சு உலுப்புறீங்க, அவரின்ட கை எவ்வளவு நீளும் எண்டும் பாருங்க. 2023 மார்ச் 20இல சர்வதேச நாணய நிதியம் அங்கீகரிச்ச 48 மாத வேலைத்திட்டத்துக்குள்ள நாடு இருக்கு. வட்டி நீங்கலான கணக்கில 2025 முதல் மொத்த உள்நாட்டு உற்பத்தியின்ட 2.3 சதவீதம் மிகை காட்ட வேணும். 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க பொது நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி நீங்கலான செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின்ட 13 சதவீதத்துக்கு மேல போக விடாது. ஒரு மானியத்தைக் கூட்டினா இன்னொரு இடத்தில வெட்டு, இல்லாட்டி வரி.

ஆகவே "காசு இல்ல" எண்ட பதிலை உடனே சாட்டு எண்டு எழுதாதீங்க. கேக்க வேண்டிய கேள்வி, அந்த 13க்குள்ள ஏன் இதுக்கு இவ்வளவு, அதுக்கு அவ்வளவு எண்டது. அதுக்கு அமைச்சர் பதில் சொல்லித்தான் ஆகோணும்.

---

கச்சேரி_வாசல்

மூண்டாவது கேள்விக்கு ஒருத்தரும் வரல்ல.

மதிப்பீட்டுப் புத்தகத்தில தலைப்பு 269 மட்டக்களப்பு மாவட்டச் செயலகம், 270 அம்பாறை. அதைக் கண்டவுடன "இவ்வளவுதான் எங்கட மாவட்டத்துக்கு" எண்டு எழுதிராதீங்க, பலர் விழுற குழி அது. அதில இருக்கிறது கச்சேரியினதும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகங்களினதும் சம்பளமும் நிர்வாகமும்தான். குளம், றோட்டு, அஸ்வெசும எல்லாம் அந்தந்த அமைச்சு, திணைக்களத் தலைப்புக்குள்ள, மாவட்டம் பிரிக்காமக் கிடக்கும்.

பிரிச்செடுக்கிற வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரதேச செயலகத்தில தகவல் அலுவலருக்கு எழுதுங்க. தமிழில எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்ல. கேள்வியை இப்பிடி வையுங்க: "2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை, கிராம சேவையாளர் பிரிவு வாரியாக, அஸ்வெசும மிக வறிய, வறிய பிரிவுகளில் மாதாந்தம் கொடுப்பனவு பெற்ற குடும்பங்களின் எண்ணிக்கை." பெயர்ப்பட்டியல் கேக்காதீங்க. தனிப்பட்ட தகவல் எண்டு 5ஆம் பிரிவைக் காட்டி மறுப்பாங்க, அதோட முழு விண்ணப்பமும் நிண்டிரும்.

கையளிச்ச உடனே எழுத்தில பற்றுச்சீட்டு வாங்குங்க. முடிவு சொல்ல 14 வேலை நாள். மறுத்தா, பதில் வராட்டி, மேன்முறையீட்டைப் பார்க்கிற அலுவலருக்கு 14 நாளுக்குள்ள எழுதோணும். அவரும் கைவிட்டா ரெண்டு மாதத்துக்குள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. மட்டக்களப்பில 14 பிரதேச செயலகம், அம்பாறையில 20. எல்லாத்துக்கும் ஒரே நாளில அனுப்பாம முதல் உங்கட மண்முனை தென் எருவில் பற்றுக்கும், பக்கத்தில போரதீவுப் பற்றுக்கும் போட்டுப் பாருங்க. கேள்வியில பிழை இருந்தா ரெண்டில தெரிஞ்சிரும்.

17,500 எண்டது 2025 ஜனவரியில இருந்து (முந்தி 15,000). வறிய பிரிவு 8,500இல இருந்து 10,000. இந்த ரெண்டையும் ஒரே வரியில போடுங்க. 17,500ஐ மட்டும் போட்டா எல்லாருக்கும் அது எண்டு நினைச்சு ஆக்கள் ஜிஎஸ்ஸிட்ட (கிராம சேவையாளர்) போய்ச் சண்டை பிடிப்பாங்க.

---

எருவில்_பொடியன் (களுவாஞ்சிக்குடி)

அண்ணமார், காக்காமாருக்குப் பெரிய நன்றி. முதல் வரி இப்பிடி எழுதியிருக்கன், சரியா?

"விவசாயிக்கு 25,000 ரூபா கொடுத்ததாக அமைச்சர் பொய் சொன்னார்."

---

சபாபீடம்

இல்ல தம்பி, ரெண்டு பிழை. ஹெக்டேயர் விடுபட்டிருக்கு. மற்றது, ஹன்சாட்டில "கொடுத்தோம்" எண்டா இருக்கு, "கொடுக்கிறோம்" எண்டா? சிங்கள மூலத்தைப் பார்க்காம அந்தச் சொல்லைப் போடாதீங்க. சபையில நடந்ததை வேணுமெண்டு திரிச்சு வெளியிடுறது 1953ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சிறப்புரிமைச் சட்டத்தின்படி குற்றம். "பொய்" எண்ட சொல்லை எடுத்திட்டு இப்பிடிப் போடுங்க:

"பசளை மானியம்: ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, ஏக்கருக்கு ஏறக்குறைய 10,100. உச்ச வரம்பு 2 ஹெக்டேயர். எங்கள் கமநல சேவை நிலையத்தில் பதிந்தவர்கள் ... பேர், காசு ஏறியவர்கள் ... பேர்."

புள்ளி போட்ட ரெண்டு இடத்தையும் கமநல நிலையத்துக்கும் ஒரு தகவல் விண்ணப்பம் போட்டு நிரப்புங்க. ஹன்சாட் திகதியும் நிரல் எண்ணும் அடியில வரட்டும். அது பக்க எண் இல்ல, ஒரு பக்கத்தில ரெண்டு நிரல் இருக்கும்.