சைடு பிசினஸுக்குப் பொருள் தேடுவது எங்கே? அதிகம் விற்பவை பட்டியலிலா, பார்க்கும் வேலையிலா?

மாலைநேரன்:
வேலை முடிந்து வந்தபின் தினமும் இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது. சைடு பிசினஸ் ஒன்று தொடங்கலாம் என்று ஒரு மாதமாகத் தேடுகிறேன். இணைய விற்பனைத் தளங்களின் அதிகம் விற்பவை பட்டியலைப் பார்த்து மூன்று பொருள்களைக் குறித்திருக்கிறேன்: செல்போன் கவர், மேசை விளக்கு, யோகா விரிப்பு. எதில் லாபம் நிற்கும்?

கணக்குப்பிள்ளை:
மூன்றையும் விடுங்கள். அந்தப் பட்டியலை நீங்கள் மட்டுமா பார்க்கிறீர்கள்? கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். விற்கும் விலை 100 என்று வையுங்கள். சரக்கு 38, தளத்தின் கமிஷன் 15, அனுப்பும் செலவு 14, விளம்பரம் 20. மீதி 13. பத்து ஆர்டருக்கு 130, சரிதானே? இப்போது பத்தில் ஒன்று திரும்பி வருகிறது, அதை மறுபடி விற்க முடியாது என்று வையுங்கள். வரவு 900. சரக்கு 380, கமிஷன் 135, போகவர அனுப்பியது 154, விளம்பரம் 200. ஆக 869. மிஞ்சுவது 31. ஒரே ஒரு பொருள் திரும்பியதில் லாபத்தில் முக்கால் பங்கு போய்விட்டது. இதில் நீங்கள் உட்கார்ந்து பொட்டலம் கட்டிய நேரத்துக்குக் கூலியே சேர்க்கவில்லை.

தரவுப்புலி:
கணக்கு சரி, முடிவு தப்பு. இது லாப விகிதம் குறைந்த பொருளை எடுக்காதே என்கிறது, தரவைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. தரவு இல்லாமல் தொடங்குபவர் நண்பர்களிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்பார். நண்பர்கள் நல்லா இருக்கு என்பார்கள். அவர்களில் ஒருவரும் வாங்கமாட்டார்.

பட்டியலோடு நின்றுவிடாமல் அதன் அடியில் இருக்கும் விமர்சனங்களைப் படியுங்கள், மாலைநேரன். ஒரு நட்சத்திரம் போடுபவர் பெரும்பாலும் டெலிவரி தாமதத்தைத் திட்டுகிறார். 2, 3 நட்சத்திரக்காரர்தான் "எல்லாம் சரி, ஆனால் இந்தக் கொக்கி நிற்கவில்லை" என்று எழுதுகிறார். அந்தக் கொக்கிதான் உங்கள் பொருள்.

சரக்குமூட்டை:
செல்போன் கவரா? என் அலமாரியில் இன்னும் 140 கிடக்கிறது, வேண்டுமா? 200 எடுத்தால்தான் மொத்த விலை என்றார் கொடுத்தவர். எடுத்தேன். நான்கு மாதத்தில் அந்த மாடலே பழசாகிவிட்டது. இப்போது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. தேடல் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் கோடு 100-ஐத் தொட்டிருந்தது, அதை நம்பித்தான் இறங்கினேன்.

தரவுப்புலி:
அந்த 100 என்பது நூறு தேடல் அல்ல, நண்பரே. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்துக்குள் எது உச்சமோ அதற்கு 100 என்று வைத்து, மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். எத்தனை பேர் தேடினார்கள் என்று அதில் தெரியாது. ஐந்து வருடத்துக்கு வைத்துப் பார்த்திருந்தால் வேறு படம் தெரிந்திருக்கும். 2017 ஏப்ரல், மே மாதங்களில் விரலில் சுழற்றும் பொம்மையான ஃபிட்ஜெட் ஸ்பின்னரின் கோடு எப்படி ஏறியது, எப்படி விழுந்தது என்று போட்டுப் பாருங்கள். மே மாத உச்சத்தில் சரக்கு கேட்டவருக்குப் பெட்டி வந்து சேர்வதற்குள் ஆசை தீர்ந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! தரவு நேற்று நடந்ததைச் சொல்லும். விற்றுப் பார்ப்பதுதான் சோதனை. ஜாப்போஸ் என்ற இணையக் காலணிக் கடையைத் தொடங்கிய நிக் ஸ்வின்மர்ன் 1999-இல் காலணிக் கடைகளுக்குப் போய்ப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்தபின் அதே கடையில் வாங்கி அனுப்பினார். கிடங்கும் இல்லை, தேங்கிய சரக்கும் இல்லை.

தரவுப்புலி:
பாதிக் கதையைச் சொல்கிறீர்கள். அமெரிக்கக் காலணி விற்பனையில் 5 சதவீதம் அப்போதே தபால் வழியாக நடந்துகொண்டிருந்தது. முதலீடு கேட்டபோது முதலீட்டாளர் டோனி ஷேயிடம் ஸ்வின்மர்ன் சொன்னது அந்த எண்ணைத்தான். போட்டுப் பார்க்காமலேயே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எண் காட்டியது. எண்ணும் வேண்டும், விற்றுப் பார்ப்பதும் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
சரி, அது எனக்குத் தெரியாது. ஆனாலும் மாலைநேரனிடம் ஒன்று கேட்கிறேன். பகலில் என்ன வேலை பார்க்கிறீர்கள்? அங்கே யாராவது உங்களிடம் அடிக்கடி எதையாவது கேட்கிறார்களா?

மாலைநேரன்:
பில் பிரிண்டர் சர்வீஸ். அடிக்கடி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: காகித மூடியின் சின்னத் தாழ்ப்பாள். நகம் அளவு பிளாஸ்டிக். அது உடைந்தால் முழு மூடியையும்தான் மாற்ற வேண்டும், தாழ்ப்பாள் தனியாக வராது. பாதிக் கடைகளில் டேப் ஒட்டி ஓட்டுகிறார்கள். ஆனால் இதையெல்லாம் யார் தேடப்போகிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
டேப் ஒட்டியவர்கள் எல்லோரும்! ஒரு மாதம் பட்டியலில் தேடியவருக்கு இது கண்ணில் படவில்லை பாருங்கள்.

தரவுப்புலி:
குதிக்காதீர்கள். பொதுவான பெயரில் தேடினால் ஒன்றும் வராது, மாடல் எண்ணோடு தேட வேண்டும். அந்த மாடல் இன்னும் விற்பனையில் இருக்கிறதா, எத்தனை கடைகளில் ஓடுகிறது, இதுதான் முதல் கேள்வி. எடை இல்லை, அனுப்பும்போது உடையாது, உறையில் போட்டு அனுப்பலாம் என்பதெல்லாம் உண்மை. அப்புறம் ஒருவர் ஆயுளில் எத்தனை தாழ்ப்பாள் வாங்குவார்?

கணக்குப்பிள்ளை:
ஒருவர் ஒன்று வாங்குவார். சர்வீஸ் ஆட்கள் ஐம்பது வாங்குவார்கள்.

சரக்குமூட்டை:
முதலில் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள், அண்ணே. வெளியே தொழில் செய்யக்கூடாது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஆபீஸின் வாடிக்கையாளர் பட்டியலை எடுக்கவே எடுக்காதீர்கள். பிரிண்டர் கம்பெனியின் பெயரை உங்கள் பிராண்டு மாதிரி போடவும் கூடாது. "இந்த மாடலுக்குப் பொருந்தும்" என்று மட்டும் எழுதுங்கள்.

மாலைநேரன்:
ஒப்பந்தத்தில் போட்டித் தொழில் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. உதிரிபாகம் அதில் வருமா என்று மேலாளரிடமே கேட்டேன். எழுதிக் கொடு, பார்க்கிறேன் என்றார். அனுமதி வரும்வரை விற்கமாட்டேன். அதற்குள் 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் ஒன்று செய்து என் சொந்த பில் பிரிண்டரில் மாட்டிப் பார்த்தேன். இரண்டாம் நாளே உடைந்துவிட்டது.

தரவுப்புலி:
பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும். சூடாகும் பிரிண்டர் தலைக்குப் பக்கத்திலா மாட்டினீர்கள்? ஆனால் வளையாமல் உடைந்தது என்றால் சூடு காரணமாக இருக்காது. நிற்கவைத்து அச்சிட்டீர்களா, படுக்கவைத்தா? உடைந்த இடத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்போம்.